270 இடித்த கணக்கு

அன்புள்ள ஐயா,

பொறியியல் முடித்துவிட்டு நிதித்துறையில் வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். மூன்று நேர்காணல்களில் தோற்றுவிட்டேன். மூன்றிலும் தடுமாறியது ஒரே கேள்வியில்தான்: "ஏன் ஃபைனான்ஸ்?" நல்ல சம்பளம் என்பதுதான் உண்மை. அதைச் சொல்ல முடியாதே. "சிறு வயதிலிருந்தே எண்கள் மீது எனக்குத் தீராத ஆர்வம்" என்று ஒரு பதிலை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். கல்லூரி விழா ஒன்றுக்குக் கணக்கு எழுதியதைத் தவிர அனுபவம் எதுவும் இல்லை. நல்ல பதிலாக ஒன்று எழுதித் தருவீர்களா? உடை, ஆங்கிலம் பற்றியும் சொல்லுங்கள்.

கே.

அன்புள்ள கே.,

எழுதித் தர மாட்டேன். இரவல் பதில்தான் மூன்று முறை உங்களைக் கவிழ்த்தது. நாலாவதையும் இரவல் கேட்கலாமா?

உடை சுத்தமாக இருந்தால் போதும். ஆங்கிலம் மெதுவாக வந்தால் மெதுவாகப் பேசுங்கள். சம்பளத்துக்காக வேலைக்கு வருவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, கேட்பவரும் அதற்காகத்தான் வந்திருக்கிறார். ஆனால் சம்பளம் வேறு வேலையிலும் கிடைக்கும். இந்த வேலையில் எது உங்களைப் பிடித்து உட்காரவைக்கும் என்றுதான் அவர் கேட்கிறார்.

அந்தத் "தீராத ஆர்வம்" தான் எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. எண்கள்மேல் ஆர்வம் என்றால் கணிதம் படிக்கலாம். கணக்குப் புத்தகத்தில் இருக்கும் எண், யாரோ ஒருவர் செய்த காரியத்தின் சுவடு. கொடுத்தார், வாங்கினார், தருவதாகச் சொல்லிவிட்டுத் தரவில்லை. அந்தச் சுவடு பொருந்தாதபோது அதை விட்டுவிட்டு எழுந்துபோக முடியாத மனம்தான் இதற்கு வேண்டும்.

நான் கணக்குப் பிரிவில் சேர்ந்த புதிது. மாதக் கடைசி. வங்கி ஸ்டேட்மென்டுக்கும் எங்கள் கேஷ் புக்குக்கும் 270 இடித்தது. சின்னத் தொகைதானே, காரணம் தெரியாத தொகைகளைத் தற்காலிகமாக வைக்கும் சஸ்பென்ஸ் கணக்கில் போட்டுவிட்டுக் கிளம்பலாம் என்றேன். பக்கத்து மேசை மூத்தவர் தலையைத் தூக்காமலே, "ஒன்பதால் வகுத்துப் பார்" என்றார். மீதியில்லாமல் வகுபட்டது. "அப்போ அநேகமாக ரெண்டு இலக்கத்தை இடம் மாத்தி எழுதியிருக்கே. 270, மூணு தொண்ணூறு. தொண்ணூறின் மடங்குன்னா நூறாம் இடமும் பத்தாம் இடமும் மாறியிருக்கும், அந்த ரெண்டு இலக்கத்துக்கும் வித்தியாசம் மூணு. தேடு."

வவுச்சர்களைப் புரட்டினேன். 7,632க்கான செக்கை கேஷ் புக்கில் 7,362 என்று எழுதியிருந்தேன். என் கையெழுத்தேதான். அந்த வரியில் விரலை வைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. வெளியே நன்றாக இருட்டியிருந்தது, பசி தெரியவில்லை. இந்த வேலை எனக்குப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

சின்னத் தொகைதானே என்கிற பேச்சை அதற்கப்புறம் என்னால் சகிக்க முடிந்ததில்லை. 1762-இல் லண்டனில் தொடங்கிய பேரிங்ஸ் வங்கி 1995-இல் விழுந்தது. அதன் சிங்கப்பூர் கிளையில் நிக் லீசன் வர்த்தகமும் செய்தார், அந்த வர்த்தகத்தின் கணக்கை முடிக்கும் பிரிவும் அவர் கையிலேயே இருந்தது. பிழைகளுக்கென்று 1992-இல் திறந்த 88888 என்ற கணக்கில் நஷ்டத்தை ஒளித்துக்கொண்டே போனார். கடைசியில் அது 82 கோடியே 70 லட்சம் பவுண்டு. 233 வருட வங்கியை ஒரு பவுண்டுக்கு விற்றார்கள். எனக்கு லீசனைவிட லண்டன் தலைமையகத்தில் இருந்தவர்கள்மேல்தான் ஆத்திரம். அவர் கேட்கக் கேட்கப் பணம் அனுப்பினார்கள், எந்த வாடிக்கையாளருக்காக அந்தப் பணம் என்று சரியாக ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அங்கே 270க்காக உட்காரும் ஒருவர் இருந்து, அவர் பேச்சை மற்றவர்களும் கேட்டிருந்தால்!

சரி, உங்கள் கல்லூரி விழாவுக்கு வருகிறேன். அதை ஒரே வரியில் தள்ளிவிட்டீர்களே, ஏன்? ரசீதுப் புத்தகம் யாரிடம் இருந்தது? பணம் கொடுத்துவிட்டு ரசீது வாங்காமல் போனவர்கள் உண்டா? கடைசி நாள் கையிருப்பு டேலி ஆனதா? ஆகவில்லை என்றால் எவ்வளவு இடித்தது, அன்று இரவு என்ன செய்தீர்கள்? மனப்பாடம் செய்த தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு, முதலில் இதை எனக்கு எழுதுங்கள்.