சாலைக்கும் பந்தயத் தடத்துக்கும் ஒரே டயர்: கேள்வி பதில்

இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் நடக்கும் வார இறுதிப் பயிற்சி நாள்களில், வண்டிகள் உள்ளே இறங்கும் முன் டயர்களைப் பார்த்து அனுப்பும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். அன்றாடம் ஓட்டும் வண்டியையே தடத்திலும் ஓட்ட விரும்புகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பெரும்பாலானவை பைக் பற்றியவை; கார் பற்றிய கேள்வி ஒன்றும் உண்டு.

கேள்வி (அம்பத்தூர்): என்னிடம் கேடிஎம் 390 டியூக் இருக்கிறது. தினமும் 40 கிலோமீட்டர் அலுவலகப் பயணம். ஆண்டுக்கு இரண்டு முறை தடத்தில் பயிற்சி. எந்த வகை டயர் வாங்கலாம்?

பதில்: முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஒரு சுற்று ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர். ஒரு சுற்றுக்கு இரண்டரை நிமிடம் என்று வைத்தால், 20 நிமிட அமர்வில் எட்டுச் சுற்று. நாளொன்றுக்கு நான்கு அமர்வு என்றால் சுமார் 120 கிலோமீட்டர். ஆண்டுக்கு இரண்டு நாள் என்றால் 240. அலுவலகப் பயணமோ ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டரை எட்டும். ஆக, உங்கள் டயர் தன் ஆயுளில் நூற்றில் இரண்டு பங்கைத்தான் தடத்தில் கழிக்கப் போகிறது. மழை, மணல், லாரி சிந்திய டீசல், மெட்ரோ பணிக்காகப் போட்டுவைத்த இரும்புத் தகடு ஆகிய அனைத்தையும் மீதி தொண்ணூற்றெட்டுப் பங்கில்தான் அது சந்திக்கும்.

எனவே ஸ்போர்ட் ரேடியல் என்று சொல்லப்படும் சாலை வகையே உங்களுக்குப் பொருந்தும். பிரெல்லி டயாப்ளோ ரோஸ்ஸோ 4, மெட்ஸெலர் ஸ்போர்டெக் எம்9 ஆர்ஆர், மிஷெலின் பவர் 5 போன்றவை இந்த வகையைச் சேர்ந்தவை. உங்கள் அளவுகளான முன்புறம் 110/70 ஆர்17, பின்புறம் 150/60 ஆர்17 கடையில் கிடைக்கிறதா என்பதை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள் (முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், அடுத்தது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பது, கடைசி எண் அங்குலத்தில் ரிம்மின் விட்டம்). இவ்வகை டயர்களில் சிலிகா கலந்த ரப்பர் இருப்பதால், ஈரச் சாலையிலும், சூடேறாத நிலையிலும் பிடிப்பு கிடைக்கும். பின் டயர்கள் பலவற்றில் நடுப்பகுதி கடினமாகவும் ஓரங்கள் மென்மையாகவும் இருக்கும். நெடுஞ்சாலையில் நேராகவே ஓட்டி நடுப்பகுதியைத் தட்டையாக்கிவிடும் நம் ஊர் வழக்கத்துக்கு இந்த அமைப்பு மிகவும் உதவும்.

கேள்வி (வேளச்சேரி): அண்ணா, பந்தயத்துக்கென்றே செய்த டயரைச் சாலையிலும் போட்டால் பிடிப்பு இன்னும் கூடுதலாக இருக்காதா?

பதில்: இருக்காது, தம்பி. எனக்கு வந்த கேள்விகளில் அதிகம் பேர் கேட்டது இதைத்தான் என்பதால், சற்று விரிவாகவே சொல்கிறேன்.

எந்த ரப்பர் கலவைக்கும் அது நன்றாக வேலை செய்யும் ஒரு வெப்ப எல்லை உண்டு. பந்தய டயரின் கலவை மிகுந்த சூட்டில் வேலை செய்வதற்கென்றே ஆக்கப்பட்டது. அதனால்தான் பந்தயங்களில், வண்டி நிற்கும்போதே டயருக்கு மின் போர்வை சுற்றி ஏறத்தாழ 80 டிகிரி வரை சூடேற்றுகிறார்கள். அதே டயரை மார்கழிக் காலையில் வீட்டு வாசலிலிருந்து உருட்டிக்கொண்டு போனால், பிடிக்கும் ரப்பராக இல்லாமல் கெட்டியான தோலாகத்தான் அது சாலையைத் தொடும். அது சூடேற வேண்டுமென்றால், தடத்தில் செய்வதுபோல் கடுமையாகப் பிரேக் பிடிக்கவும் சாய்க்கவும் வேண்டும்; பூந்தமல்லிச் சாலையில் அதற்கு இடமில்லை, இருந்தாலும் செய்யக் கூடாது.

இதை நானே அனுபவித்துத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு டிசம்பரில் தடத்துக்கான டயரைப் போட்டுக்கொண்டு விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கிளம்பினேன். வேகம் முப்பதைத் தாண்டவில்லை. மேம்பாலத்திலிருந்து இறங்கும் ஈரமான வளைவில் பின்சக்கரம் ஒரு சாண் தூரம் வெளியே வழுக்கித் தானாகவே திரும்பப் பிடித்தது. கீழே விழவில்லை, ஆனால் அதே டயர், அன்று காலை பத்து மணிக்கு, அதைவிட மூன்று மடங்கு வேகத்தில், தடத்தில் கல்போல் பிடித்துக்கொண்டு நின்றது.

ஒரே பெயரில் வரும் டயர்களிலும் வேறுபாடு உண்டு. பிரெல்லி டயாப்ளோ சூப்பர்கோர்சாவில் எஸ்பி என்பது சாலையையும் கருத்தில் கொண்டு செய்தது. எஸ்சி என்பது பந்தயத்துக்கானது. கடைக்காரர் "சூப்பர்கோர்சா இருக்கிறது" என்று மட்டும் சொன்னால், எந்த எழுத்து என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (மதுரை): தடத்தில் ஓட்டும்போது காற்றழுத்தம் எவ்வளவு இருக்க வேண்டும்? ஒருவர் 25 என்கிறார், இன்னொருவர் 32 என்கிறார்.

பதில்: இருவரும் ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டார்கள்: அது குளிர்ந்த டயரின் அளவா, சூடான டயரின் அளவா? காலையில் 30 டிகிரி வெப்பத்தில் 29 பிஎஸ்ஐ பிடித்த டயருக்குள் இருக்கும் காற்று, ஓட்டத்தில் 60 டிகிரியைத் தொட்டால், அழுத்தம் ஏறத்தாழ 33-க்கு ஏறிவிடும். நண்பகல் வெயிலில் நின்ற வண்டிக்கு 29 பிடித்தால், அது காலையில் பிடித்த 29-க்குச் சமமாகாது. ஆகவே "எவ்வளவு பிடிப்பது" என்பதைவிட "எப்போது அளப்பது" என்பதுதான் இங்கே முக்கியமான கேள்வி.

நான் செய்வது இது. சாலை வகை டயராக இருந்தால், வண்டிக் கையேட்டில் சொன்ன குளிர்ந்த அழுத்தத்திலிருந்து இரண்டு பிஎஸ்ஐ மட்டும் குறைத்து முதல் அமர்வுக்கு இறங்குவேன். உள்ளே வந்ததும், தலைக்கவசத்தைக் கழற்றும் முன்பே இரண்டு டயரையும் அளந்து, நேரத்தோடும் தரையின் சூட்டோடும் சேர்த்து ஒரு குறிப்பேட்டில் எழுதிவிடுவேன். ஐந்து நிமிடம் பொறுத்து அளந்தால் அந்த எண்ணால் பயனில்லை. அழுத்தம் ஐந்து ஆறு பிஎஸ்ஐக்கு மேல் ஏறியிருந்தால், டயர் தேவைக்கு அதிகமாக நெளிந்து சூடாகிறது என்று பொருள். மிகக் குறைவாகக் காற்று பிடித்ததும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். காற்று குறைந்தால் தரையைத் தொடும் பரப்பு கூடும் என்பது உண்மைதான்; ஆனால் கூடவே நெளிவும் சூடும் கூடும், கைப்பிடி திருப்பியதற்கு வண்டி தாமதமாகப் பதில் சொல்லும்.

தடத்துக்கென்று செய்த டயராக இருந்தால், என் கணக்கை விட்டுவிட்டு, அந்த டயர் நிறுவனம் வெளியிடும் அழுத்த அட்டவணையைப் பின்பற்றுங்கள். மாலையில் வீட்டுக்குக் கிளம்பும் முன் டயர் ஆறியதும் சாலை அழுத்தத்துக்குத் திரும்பக் காற்று பிடிக்க மறக்காதீர்கள். இதை மறந்துவிட்டு நெடுஞ்சாலையில் போகிறவர்கள் நிறைய.

கேள்வி (அதே வாசகர்): நைட்ரஜன் நிரப்பினால் இந்தச் சிக்கல் தீருமா?

பதில்: சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். சூட்டில் அதுவும் அதே விதிப்படிதான் விரியும். ஈரமில்லாத காற்று என்பதே அதிலுள்ள நன்மை. பணம் கேட்காமல் நிரப்பினால் நிரப்பிக்கொள்ளுங்கள்.

கேள்வி (திருச்சி): என் 390-இன் பின்சக்கரத்தில் 160/60 போட்டால் பார்க்க நன்றாக இருக்கும் என்கிறார்கள். போடலாமா?

பதில்: பார்க்க மட்டும் நன்றாக இருக்கும். உங்கள் பின் ரிம்மின் அகலம் 4 அங்குலம். 150/60 அதற்கு ஏற்ற அளவு. 160/60 டயர் நாலரை அங்குல ரிம்முக்காகச் செய்தது. குறுகிய ரிம்மில் ஏற்றினால் அதன் பக்கங்கள் உள்ளே இழுபட்டு, வளைவு கூம்பிவிடும். அகலத்துக்குக் கொடுத்த பணம் தரையைத் தொடாமலே நிற்கும். டயரின் உயரமும் 6 மில்லிமீட்டர் கூடுவதால், வண்டியின் பின்பக்கம் தூக்கி நிற்கும். முன் பின் சக்கரச் சுழற்சியை ஒப்பிட்டு வேலை செய்யும் ஏபிஎஸ்ஸுக்கும் கணக்கு சற்று மாறும்.

கேள்வி (கோவை): சிறிய ஹேட்ச்பேக் கார் வைத்திருக்கிறேன். செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் ஓட்டுவேன். டிரெட்வேர் 200 என்று போட்ட டயர் வாங்கவா, 300 வாங்கவா?

பதில்: டிரெட்வேர் என்பது டயரின் தேய்மானத்தைக் காட்டும் எண்; எண் கூடினால் மெதுவாகத் தேயும். அந்த எண்ணை நிறுவனங்கள் தாமே சோதித்துப் போட்டுக்கொள்கின்றன, ஆகவே ஒரு நிறுவனத்தின் 200-ஐ மற்றொன்றின் 300-உடன் நேராக ஒப்பிட முடியாது. ஒரே நிறுவனத்தின் இரண்டு டயர்களுக்கிடையே ஒப்பிட மட்டுமே அது உதவும். தினமும் ஓட்டும் காராக இருந்தால், 300-ஐ ஒட்டிய ஒரு நல்ல கோடைச் சாலை டயரே போதும்.

முன்சக்கரம் இழுக்கும் காரில் தேய்வது முன் டயர்களின் வெளி ஓரம்தான். சுண்ணாம்புக் கட்டியால், தரையைத் தொடும் பகுதியின் விளிம்பிலிருந்து பக்கச்சுவரின் மேல் இரண்டு விரல் அகலத்துக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டு, நான்கு சுற்று ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு எதுவரை அழிந்திருக்கிறதோ அதுவரை டயர் மடங்கிப் படுத்திருக்கிறது. பக்கச்சுவர் வரை அழிந்திருந்தால் இரண்டு பிஎஸ்ஐ ஏற்றுங்கள். விளிம்பையே தொடாமல் கோடு முழுதாக நின்றால் குறையுங்கள். விலையுயர்ந்த கருவி எதையும்விட இந்தச் சுண்ணாம்புக் கோட்டை நான் அதிகம் நம்புகிறேன்.

கேள்வி (சேலம்): மூன்று ஆண்டுக்கு முன் தயாரான புதிய டயரைப் பாதி விலைக்குத் தருகிறார்கள். வாங்கலாமா?

பதில்: பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கத்தைப் பாருங்கள், 2323 என்றால் 2023-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். சாலைக்கு மட்டும் என்றால், நிழலில் சேமித்திருந்தால் வாங்கலாம். தடத்தில் ஓட்டுவதற்கு இரண்டு ஆண்டைத் தாண்டியதை நான் தொடுவதில்லை. ஒருமுறை ஒரு கடைக்காரர் வெயிலில் அடுக்கி வைத்திருந்த டயரை எனக்குப் புதிது என்று விற்றார். இரண்டாம் அமர்வுக்குள் அதன் ஓரத்தில் முடிபோன்ற வெடிப்புகள் தெரிந்தன.

கேள்வி (தாம்பரம்): ரப்பர் குச்சி செருகிய பஞ்சர் டயரோடு தடத்தில் இறங்கலாமா?

பதில்: கூடாது. நான் பார்த்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

கேள்வி (வேலூர்): டயரை எப்போது மாற்ற வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: சட்டப்படி பள்ளத்தின் ஆழம் குறைந்தது இருசக்கர வாகனத்துக்கு 0.8 மில்லிமீட்டர், காருக்கு 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும்; பள்ளத்துக்குள் இருக்கும் சிறு மேடு டயரின் மேற்பரப்போடு ஒன்றிவிட்டால் அந்த எல்லை வந்துவிட்டது. ஆனால் தடத்தில் ஓடும் டயர் தேய்வதற்கு முன்பே மூப்படைந்துவிடும். ஒவ்வொரு முறை நன்றாகச் சூடாகி ஆறும்போதும் ரப்பர் கொஞ்சம் கெட்டிப்படுகிறது. அமர்வு முடிந்து வந்ததும் ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள்: புதிய டயரில் நகத்தின் தடம் சற்று நேரம் நிற்கும், சலித்த டயரில் நகம் வழுக்கிக்கொண்டு போகும். கடிகாரத் திசையில் ஓடும் தடத்தில் வலத் திருப்பங்களே மிகுதி என்பதால், வலது ஓரத்தை முதலில் பாருங்கள்; இடப்பக்கம் புதிதுபோல் இருக்கும்போதே வலப்பக்கம் முடிந்துபோயிருக்கும்.