வெடித்த ரெக்சினும் விரிசல் விட்ட டேஷ்போர்டும்: பழைய கார் உரிமையாளர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கத்திரி வெயில் முடிந்த கையோடு எனக்கு வரும் கேள்விகளில் பெரும்பாலானவை காரின் உட்புறத்தைப் பற்றியே இருக்கின்றன. இஞ்சினுக்கும் பாடிக்கும் காட்டும் அக்கறையில் சிறு பங்கைக்கூட நாம் கதவு அட்டைக்கும் டேஷ்போர்டுக்கும் காட்டுவதில்லை. அவை வெடித்த பிறகுதான் கவனிக்கிறோம். இம்முறை ஏழு கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: என்னிடம் 1983ஆம் ஆண்டு மெர்சிடிஸ் டபிள்யூ 123 இருக்கிறது. டேஷ்போர்டின் மேல்பகுதியில் மூன்று இடங்களில் விரிசல் விட்டிருக்கிறது. ஒன்றில் நாணயம் நிற்கும் அளவுக்கு இடைவெளி. சரிசெய்ய முடியுமா, அல்லது மாற்றித்தான் ஆக வேண்டுமா? (சேலம்)

பதில்: மூன்று விரிசல்கள் என்றால் சரிசெய்யலாம். 1976 முதல் 1986 வரை வந்த இந்த மாடலில், வெயில் மிகுந்த ஊர்களில் ஓடிய வண்டிகளுக்கு டேஷ்போர்டு விரிசல் நன்கு அறியப்பட்ட குறை. அதற்கான காரணத்தைப் புரிந்துகொண்டால்தான் வேலை நிலைக்கும். மேலே தெரியும் தோல் பி.வி.சி. பி.வி.சி. இயல்பில் விறைப்பானது, பிளாஸ்டிசைசர் எனப்படும் எண்ணெய் போன்ற பொருளைக் கலந்துதான் அதை வளையும் தோலாக்குகிறார்கள். மென்மையான வினைலின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குகூட இந்தப் பொருளாக இருக்கும். வெயிலில் மூடி நிறுத்திய காரில் டேஷ்போர்டின் மேற்பரப்பு 70 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடுகிறது. அந்தச் சூட்டில் பிளாஸ்டிசைசர் சிறுகச் சிறுக ஆவியாகிறது. காரின் முன்கண்ணாடியின் உட்புறத்தில் துடைக்கத் துடைக்க வந்து படியும் பிசுபிசுப்பான மங்கல் படலத்தில் ஒரு பங்கு அதுவே. அதை இழந்த தோல் சுருங்குகிறது; ஆனால் அடியிலுள்ள ஃபோமும் இரும்புச் சட்டமும் அதே அளவுக்குச் சுருங்குவதில்லை. இழுவை தாங்காத தோல், ஸ்பீக்கர் துளை, காற்றுத் துளை போன்றவற்றின் மூலைகளிலிருந்து பிளக்கத் தொடங்குகிறது.

ஆகவே, விரிசலுக்குள் எதையாவது அடைத்துவிட்டால் போதும் என்று எண்ண வேண்டாம். விரிசலின் இரு ஓரங்களையும் விரலால் தடவிப் பாருங்கள். வற்றிய ஏரியின் வண்டல் காய்ந்து ஓடு ஓடாக மேலெழும்பி நிற்பதைப் போல அவை மேல்நோக்கிச் சுருண்டிருக்கும். அந்த எழும்பலை எடுக்காமல் பூசினால், பூசிய இடம் மேடாகத் தெரிந்துகொண்டே இருக்கும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, முடிந்தால் டேஷ்போர்டை வெளியே எடுத்துவிடுங்கள். விரிசலின் இரு முனைகளிலும் 2 மி.மீ. துளை ஒன்றை இடுங்கள். கூரிய முனை உருண்டையாகிவிட்டால் விரிசல் மேலும் ஓடுவது பெரும்பாலும் நின்றுவிடும். பிறகு கூரிய பிளேடால் இரு ஓரங்களையும் சரிவாகச் சீவி, வாய் அகன்று அடி குறுகிய பள்ளமாக்குங்கள். உள்ளே ஃபோம் பழுப்பேறிப் பொடியாக உதிரும்; உறுதியான ஃபோம் தென்படும் வரை அதைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும்.

நிரப்புவதற்கு பாடி வேலைக்குப் பயன்படும் பாலியெஸ்டர் பட்டி ஒருபோதும் கூடாது. அது கல்லாக இறுகும், தோல் அசையும். இரண்டும் சேரும் கோட்டில் அடுத்த கோடைக்குள் மீண்டும் பிளவு தெரியும். இறுகிய பிறகும் வளையக்கூடிய, இரண்டு பகுதிகளைக் கலந்து பயன்படுத்தும் பாலியூரித்தேன் நிரப்பியைக் கேட்டு வாங்குங்கள். ஒரே முறையில் நிரப்பாமல், மெல்லிய அடுக்குகளாக இட்டு, ஒவ்வொன்றும் இறுகிய பின் அடுத்ததை இட வேண்டும். இந்த வேலையை அதிகாலைக் குளிர்ச்சியில் செய்வது என் வழக்கம். குளிரில் தோல் சுருங்கி விரிசல் மிக அகலமாக இருக்கும். அப்போது நிரப்பினால், பகலில் தோல் விரியும்போது நிரப்பி அழுத்தப்படுமே தவிர இழுபடாது. உச்சி வெயிலில் நிரப்பினால் இதற்கு நேர்மாறாக நடக்கும்.

இறுகியதும் 180ஆம் எண் உப்புத்தாளிலும் பிறகு 320ஆம் எண்ணிலும் தேய்த்து மட்டப்படுத்துங்கள். இப்போது மட்டம் கிடைக்கும், ஆனால் தோலின் நுண்ணிய சுருக்கக் கோலம் அந்த இடத்தில் இருக்காது. அதற்கு, கிளவ் பாக்ஸ் மூடி போன்ற கெடாத இடத்தில் அச்செடுக்கும் சிலிகோன் ரப்பரை ஊற்றி உறையவிட்டு உரித்தெடுங்கள். கடைசி மெல்லிய அடுக்கு பாதி இறுகிய நிலையில் அந்த அச்சை வைத்து அழுத்தி, முழுதும் இறுகியபின் எடுத்தால் கோலம் பதிந்திருக்கும். அச்செடுத்த இடத்தைப் பின்னர் நன்றாகக் கழுவிவிட வேண்டும், ஏனெனில் சிலிகோன் எச்சம் ஒட்டியிருக்கும் இடத்தில் பெயின்ட் பிடிக்காது.

விரிசல்கள் ஏழு, எட்டு என்று இருந்தால் நான் இந்த வேலையை எடுப்பதில்லை. அந்தத் தோல் முழுவதுமே இறுகிப்போயிருக்கும். ஓர் இடத்தை மூடினால் பக்கத்தில் பிளக்கும். அப்போது டேஷ்போர்டுக்குப் புதுத் தோல் போர்த்துவதே சரி. மேலே ஒட்டும் பிளாஸ்டிக் மூடி விலை குறைவுதான். ஆனால் ஒட்டிய பிறகு அதைச் சேதமின்றி எடுக்க முடியாது, அடியிலுள்ள அசல் டேஷ்போர்டும் அத்துடன் போய்விடும். இந்தக் காரணத்துக்காகவே நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

கேள்வி: அம்பாசிடரின் நான்கு கதவு அட்டைகளும் அடிப்பக்கம் உப்பி, ரெக்சின் கிழிந்துவிட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் புதிதாகப் போட்டேன். தைத்தவர் தரக்குறைவான ரெக்சினைப் போட்டுவிட்டாரா? (கும்பகோணம்)

பதில்: தைத்தவர் மீது குற்றம் இருக்க வாய்ப்பு குறைவு. நான்கு கதவுகளும் அடியிலிருந்து உப்பியிருப்பதே தண்ணீர் உள்ளே வருவதைச் சொல்லிவிடுகிறது.

மழைநீர் கதவுக் கண்ணாடி வழியாக இறங்கி, கதவின் உட்கூட்டுக்குள் போவது இயல்பானது. அது கதவின் அடி விளிம்பிலுள்ள துளைகள் வழியே வெளியேற வேண்டும். உள்ளே தெறிக்கும் நீர் அட்டையைத் தொடாதிருக்க, இரும்புக்கும் அட்டைக்கும் நடுவே ஒரு பாலிதீன் தாள் இருக்க வேண்டும். அண்மையில் நான் திறந்த ஓர் அம்பாசிடர் கதவில் அந்தத் தாளின் நடுவே ஸ்பீக்கருக்காக வட்டமாக வெட்டியிருந்தார்கள்; மீதி, கண்ணாடி இறக்கும் கம்பியில் சுருண்டு கிடந்தது. அடித் துளைகளோ, துருவைத் தடுக்க அடித்த கருப்புப் பூச்சால் அடைபட்டிருந்தன. கதவு அட்டையின் பலகையான ஹார்டுபோர்டு தண்ணீரைத் திரியைப் போல உறிஞ்சி மேலே ஏற்றும். உப்பிய பலகை மேலே ஒட்டிய ரெக்சினை இழுத்துக் கிழிக்கிறது.

முதலில் துளைகளைக் கம்பியால் திறந்து, ஒரு குவளை நீரைக் கண்ணாடி ஓரமாக ஊற்றி, அது கீழே வடிகிறதா என்று பாருங்கள். கனமான பாலிதீன் தாளை வெட்டி, அதன் அடி ஓரம் கதவின் உட்பக்கத்துக்குள் போகுமாறு செருகி, ஓரங்களைப் பிசின் நாடாவால் ஒட்டுங்கள். பழைய அட்டையை வடிவத்துக்கு வைத்துக்கொண்டு, 3 மி.மீ. மரைன் பிளைவுட்டில் புதிய பலகை வெட்டுங்கள். ஓரங்களிலும் கிளிப் துளைகளின் உள்வாயிலும் இரண்டு கை வார்னிஷ் அடிப்பதை விட்டுவிடாதீர்கள். தண்ணீர் நுழைவது பெரும்பாலும் ஓரத்தில்தான். ரெக்சின் கிழியாத அட்டைகளில் அதையே உரித்து மீண்டும் பயன்படுத்தலாம். சுருங்கி எட்டவில்லையென்றால் மொட்டை மாடி வெயிலில் அரைமணி நேரம் விரித்துப் போட்டு, சூடு ஆறுவதற்குள் இருவராக இழுத்து ஒட்டுங்கள்.

பசையைப் பற்றியும் ஒரு சொல். ரெக்சினிலுள்ள பிளாஸ்டிசைசர் பசைக்குள்ளும் ஊறும். சாதாரண ரப்பர் பசை இதனால் சில கோடைகளில் களிபோல இளகிவிடுகிறது. பி.வி.சி.க்கு ஏற்றது என்று டப்பாவில் குறிப்பிட்டிருக்கும் நைட்ரைல் அல்லது பாலியூரித்தேன் பசையை வாங்குங்கள்.

கேள்வி: டேஷ்போர்டு காய்ந்து வெடிக்காமல் இருக்கத் தேங்காய் எண்ணெய் தடவலாமா? (மதுரை)

பதில்: வேண்டாம். இழந்த பிளாஸ்டிசைசரை மேலே எதைத் தடவியும் திருப்பிக் கொடுக்க முடியாது. தேங்காய் எண்ணெய் நாளடைவில் சிக்குப் பிடித்து வாசம் வரும், தூசியைப் பிடித்து வைக்கும். பளபளப்புக்காக விற்கும் சிலிகோன் திரவங்களும் இதற்கு மருந்தல்ல. பின்னாளில் பெயின்ட் அடிக்க நேர்ந்தால், சிலிகோன் இருந்த இடமெல்லாம் பெயின்ட் விலகி மீன்கண் போன்ற வட்டக் குழிகள் விழும். மென்மையான சோப்பு நீரில் பிழிந்த துணியால் துடைத்து, ஈரத்தை எடுத்துவிட்டால் போதும். உண்மையில் காப்பாற்றுவது நிழலும், நிழலில்லாத இடத்தில் முன்கண்ணாடிக்குப் பின்னால் வைக்கும் வெயில் மறைப்பு அட்டையும்தான்.

கேள்வி: சிறிய கீறலை உடனடி ஒட்டுப் பசையால் ஒட்டிவிட்டேன். தவறா? (நாகர்கோவில்)

பதில்: அந்தப் பசை இறுகினால் கண்ணாடி போல விறைத்துவிடும், சுற்றிலும் வெள்ளை படியும். அசையும் தோலில் அது நிற்காது. மீண்டும் பிளந்தால், பசை ஊறிய ஓரத்தை முழுதும் வெட்டியெடுத்த பிறகே முறையான வேலையைத் தொடங்க முடியும்.

கேள்வி: பிரீமியர் பத்மினியின் கதவிலுள்ள கைப்பிடி மெத்தையில் இரண்டு அங்குலக் கிழிசல். மற்றபடி அசல் ரெக்சின் நன்றாக இருக்கிறது. மாற்றாமல் காப்பாற்ற முடியுமா? (பொள்ளாச்சி)

பதில்: காப்பாற்றுங்கள், அந்தக் காலத்து ரெக்சினின் கோலம் இன்று கடையில் கிடைப்பது கடினம். கிழிசலைவிடச் சுற்றிலும் அரை அங்குலம் பெரிதாக ஒரு கித்தான் துண்டை வெட்டி, மூலைகளை உருட்டி, இடுக்கியால் கிழிசல் வழியாக உள்ளே நுழைத்துச் சமமாகப் பரப்புங்கள். வளையும் பசையைக் குச்சியால் உள்ளே தடவி, இரு ஓரங்களும் தொடுமாறு அழுத்தி, எடை வைத்து ஒரு நாள் விட்டுவிடுங்கள். எஞ்சும் கோட்டுக்கு, சூட்டில் உறையும் வினைல் கூழை மிக மெல்லிதாக இட்டு, அதன்மேல் ரெக்சினின் கோலம் பதிந்த தாளை வைத்துச் சூடேற்ற வேண்டும். இந்தக் கூழ் உறைய 150 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். ரெக்சின் கருகத் தொடங்குவதும் அதற்கு வெகு தொலைவில் இல்லை.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பத்மினியின் கைப்பிடியை நான் இப்படித்தான் கெடுத்தேன். சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னை ஓரிடத்தில் சில நொடிகள் கூடுதலாக நிறுத்திவிட்டேன். கோலம் உருகி, பெருவிரல் அளவுக்கு வழுவழுவென்று மின்னும் ஒரு தழும்பு விழுந்தது, கடைசியில் முழு மெத்தையையும் மாற்ற நேர்ந்தது. அதற்குப் பிறகு, வேண்டாத ரெக்சின் துண்டொன்றில் பழகிப் பார்க்காமல் நான் வண்டியில் கை வைப்பதில்லை. இந்த வேலையைக் காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், கருகும் பி.வி.சி.யிலிருந்து வரும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு நுரையீரலுக்குக் கேடு.

கேள்வி: தாத்தாவின் 1938ஆம் ஆண்டு மோரிஸ் எயிட். கதவுப் பலகைகளின் ரெக்சின் செதில் செதிலாக வெடித்திருக்கிறது. ஹீட் கன்னால் சரிசெய்யலாமா? (ஊட்டி)

பதில்: ஹீட் கன்னை அருகில் கொண்டுபோகவே வேண்டாம். இன்று நாம் வினைல் துணி எல்லாவற்றையும் ரெக்சின் என்கிறோம்; ஆனால் ரெக்சின் என்பது இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு அருகிலுள்ள ஹைட் நகரில் செய்யப்பட்ட ஒரு பொருளின் வணிகப் பெயர். அது பி.வி.சி. அன்று, நைட்ரோசெல்லுலோஸ் பூசிய துணி. எளிதில் தீப்பற்றும் பொருள் அது. உங்கள் காரின் காலத்தைப் பார்த்தால் இதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பலகையின் பின்மடிப்பிலிருந்து அரிசியளவுத் துணுக்கொன்றை எடுத்து, வண்டியைவிட்டு விலகி, திறந்த வெளியில் இடுக்கியால் பிடித்துத் தீயில் காட்டினால் தெரிந்துவிடும்: நைட்ரோசெல்லுலோஸ் சட்டென்று பற்றி எரியும், பி.வி.சி. காரமான நெடியுடன் கருகி, தீயை விலக்கியதும் பெரும்பாலும் அணைந்துவிடும். நைட்ரோசெல்லுலோஸ் என்றால், செதில் விட்ட பரப்பைத் திருத்த முயலாமல், கோலம் தெரியும் ஒரு துண்டை மாதிரிக்காகப் பத்திரப்படுத்திவிட்டு, அதைப் போன்ற துணியால் மூடிக்கொள்வதே நல்லது.

கேள்வி: ஸ்டாண்டர்டு ஹெரால்டின் ஒரு கதவு அட்டைக்கு மட்டும் வண்ணம் அடித்தேன். கடையில் பொருந்திய நிறம் வண்டியில் வேறாகத் தெரிகிறது. (தாம்பரம்)

பதில்: உங்கள் ஊருக்கு அருகே, வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் 1961 முதல் உருவான வண்டி இது, அதன் அசல் நிறத்தைக் காப்பாற்ற நீங்கள் முயல்வது மகிழ்ச்சி அளிக்கிறது.

பெரும்பாலும் தவறு மூன்றில் ஒன்றாக இருக்கும். கடையின் குழல்விளக்கில் ஒத்துப்போகும் இரு நிறங்கள் பகல் வெளிச்சத்தில் பிரிந்து தெரியலாம்; ஆகவே மாதிரியை வெயிலிலும் நிழலிலும் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டாவதாக, மாதிரியை அட்டையின் பின்மடிப்பிலிருந்து எடுத்திருந்தால் அது வெயில் படாத 1960களின் நிறம், பக்கத்து அட்டைகளோ வெளுத்தவை. நான்கையும் அடிப்பதானால் பின்மடிப்பு நிறம். ஒன்றை மட்டும் அடிப்பதானால், பக்கத்து அட்டையை நன்றாகக் கழுவிய பிறகு தெரியும் நிறம். கழுவாமல் நிறம் பார்ப்பவர்கள் அழுக்கையும் சேர்த்தே பொருத்துகிறார்கள். மூன்றாவது, பளபளப்பு. நிறம் சரியாக இருந்தும் மினுமினுப்பு கூடினால் வேறு நிறம் போலவே கண்ணுக்குப் படும். வினைலுக்கென்றே உள்ள வளையும் பெயின்டில் மங்கல் சேர்மானம் கலந்து, மறைவான இடத்தில் அடித்துக் காயவிட்டுப் பாருங்கள். பாடிக்கு அடிக்கும் எனாமலை அடித்திருந்தால், அது வெடிப்பதற்குள் எடுத்துவிடுவது நல்லது. ஆனால் தின்னரால் துடைக்காதீர்கள், ரெக்சினின் கோலமும் சேர்ந்து கரையும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் பொறுமையாகத் தொடங்குங்கள், அதற்கு இளகாத இடங்களை 600ஆம் எண் ஈர உப்புத்தாளால் மெல்லத் தேயுங்கள். மறுபடி அடிக்கும்போது நடுவில் நிறுத்தாமல், பைப்பிங் எனப்படும் விளிம்பு நாடா ஓடும் கோடு வரை முழு அட்டையையும் மூன்று, நான்கு மெல்லிய கைகளாக அடித்து முடியுங்கள்.