நீளமாக இழுத்தால் வில் நடுங்குகிறது

வணக்கம் மேடம். நான் கும்பகோணத்தில் பிளஸ் ஒன் படிக்கும் மாணவி. ஏழு வயதில் சரளி வரிசை ஆரம்பித்தேன். ஒன்பது வருடமாக வயலின் கற்கிறேன். போன நவராத்திரிக்கு ஒரு கோயிலில் பாட்டுக் கச்சேரிக்கு முதல்முறையாகப் பக்கவாத்தியம் வாசித்தேன். வர்ணம் நன்றாகப் போயிற்று. அப்புறம் பாடிய அக்கா வாசஸ்பதி ராகத்தில் ஆலாபனை செய்தார்கள். என் முறை வந்தது. மேல் ஸட்ஜத்துக்கு ஏறும்போது விரல் வாசஸ்பதியில் இல்லாத காகலி நிஷாதத்தில் விழுந்து, ராகம் கல்யாணி ஆகிவிட்டது. முன்வரிசையில் கண்ணை மூடியிருந்த ஒரு தாத்தா நிமிர்ந்து பார்த்தார். தாள வாத்தியம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்துக்கு வில்லைக் கீழே வைக்கும்வரை கை நடுங்கியது.

அப்பா அதை போனில் பதிவு செய்திருக்கிறார். ராத்திரி சாப்பிடும்போது அந்த இடத்தைப் போட்டு, "கேள், எங்கே விட்டாய்" என்கிறார். இப்போது வீட்டில் தனியாக வாசித்தாலும், நீளமாக இழுத்தால் வில் குதிக்கிறது. மார்கழியில் இன்னொரு கச்சேரி இருக்கிறது. முடியாது என்று சொல்லிவிடட்டுமா?

ஆலோசகர் பதில்:

அன்பு மகளே, முதலில் அந்த நிஷாதம். கல்யாணிக்கும் வாசஸ்பதிக்கும் மற்ற ஆறு சுவரங்களும் ஒன்றுதான், நிஷாதம் மட்டும் வேறு. கல்யாணியைப் பல வருடம் வாசித்த விரல், பதற்றத்தில் பழகிய வழியில் போய்விட்டது. பயந்தால் உடம்பில் அட்ரினலின் சுரக்கும், கை லேசாக நடுங்கும். வேகமாக வாசித்தால் அது தெரியாது, மெதுவான நீள வில்லில் தெரிந்துவிடும். மற்ற நேரத்தில், எழுதும்போதோ சாப்பிடும்போதோ கை நடுங்கினால் மட்டும் டாக்டரைப் பார்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். தாத்தா நிமிர்ந்தது இருக்கிறது, உன் கை இருக்கிறது, அப்பா இருக்கிறார். அந்த நிஷாதத்துக்குப் பிறகு அக்கா என்ன பாடினார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. உன் காது பாட்டை விட்டுவிட்டு முன்வரிசைக்குப் போய்விட்டது அம்மா. வயலின் மேதை லால்குடி ஜெயராமன் 12 வயதில் பக்கவாத்தியம் வாசிக்க மேடை ஏறியவர். பெரிய பாடகர்களுக்குப் பல வருடம் வாசித்தவருடைய வில்லில் பாட்டே கேட்கும். பக்கத்தில் இருப்பவரைக் கேட்பதுதான் உனக்கும் வேலை.

இரண்டு வாரம் இப்படிச் செய். யாராவது பாடிய ஆலாபனையில் ஒரு பிடியை, அதாவது ஒரு சின்னத் துணுக்கைக் கேள். வாயால் முணுமுணு. மூச்சை நீளமாக வெளியே விடு. பிறகு வில்லை வை. குதித்தால் குதிக்கட்டும், நிறுத்தாதே. அடுத்து வீட்டில் ஒருவர் முன்னால், அப்புறம் நாலு தோழிகள் முன்னால் வாசி.

அப்பாவிடம் இந்தப் பத்தியைக் காட்டு. ஐயா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் சோற்றில் கை வைத்திருக்கும் பிள்ளைக்கு அதே தப்பைத் தினமும் கேட்கவைத்தால், பயத்துக்குத்தான் சாதகப் பயிற்சி நடக்கிறது. பதிவைக் குருவிடம் கொடுங்கள். கேட்க வேண்டிய நேரம் அவருக்குத் தெரியும்.

மார்கழிக் கச்சேரியை விடாதே. பாடுகிறவரிடம் இப்போதே பாடப்போகும் பாட்டுகளின் பட்டியலைக் கேள், இரண்டு ஒத்திகைக்கு நேரம் வாங்கு. முதல் ஒத்திகையில் பாதி நேரம் வில்லையே எடுக்காமல், அவர் பாடுவதை மட்டும் கேட்டுக்கொண்டிரு.