தென்காசி வரை தாங்கும் கேக்: கருப்பட்டி போதும், கிரீம் வேண்டாம்

கேள்வி: பாளையங்கோட்டையில் இருக்கிறேன். வீட்டில் 28 லிட்டர் ஓ.டி.ஜி. மின் அடுப்பு உண்டு, கேக் ஓரளவு நன்றாகவே வரும். போன வருஷம் அம்பாசமுத்திரத்தில் ஒரு பிறந்தநாளுக்கு கிரீம் கேக் செய்து பஸ்ஸில் கொண்டுபோனேன். இறங்கித் திறந்து பார்த்தால் கிரீம் முழுக்க ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. இந்த மே மாதம் கல்லூரித் தோழிகள் இருபது பேர் தென்காசியில் ஒருத்தி வீட்டில் சாயங்காலம் கூடுகிறோம். இரண்டு பேர் முட்டை தொட மாட்டார்கள். என்ன செய்து கொண்டுபோகலாம்?

பதில்: முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் கைப்பக்குவத்தில் குறை இல்லை. வெண்ணெய் 30 டிகிரியைத் தாண்டும்போதே குழைந்துவிடும், 35-க்குள் உருகிவிடும். அடித்து நுரைத்த கிரீம் அதற்கும் முன்பே விட்டுக்கொடுத்துவிடும். நம் பக்கம் சித்திரை, வைகாசியில் பகல் வெப்பம் 37, 38 டிகிரிக்குச் சாதாரணமாகப் போகிறது. வெயிலில் நின்ற பஸ்ஸுக்குள் இன்னும் கூடுதல். அந்தச் சூட்டில் எவ்வளவு தேர்ந்த கை போட்ட கிரீமும் நிற்காது.

அதனால் வெளியூர் விருந்துக்கு என்ன செய்வது என்று யோசிக்கும்போது நான் இரண்டே விஷயம் பார்ப்பேன். ஒன்று, முந்தின நாள் செய்தால் மறுநாள் ருசி கூடுமா? இரண்டு, போய் இறங்கும் வீட்டுக்காரரிடம் எதுவும் கேட்க வேண்டியிருக்குமா? இரண்டாவதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. இருபது பேருக்குச் சமைக்கிற வீட்டில் ஃபிரிட்ஜ் முழுக்கப் பாலும் தயிரும் அரைத்த மாவுமாக இருக்கும். அந்த நேரத்தில் கேக் டப்பாவை நீட்டி, "இதை ஃபிரிட்ஜில் வைக்கணும், ஒரு கத்தி தா, தட்டு தா" என்றால் அவளுக்குத்தான் சிரமம். மூடியைத் திறந்ததும் கையில் எடுத்துத் தின்னும்படி இருக்க வேண்டும்.

அல்வா வாங்கிப் போகலாமே என்று தோன்றலாம். திருநெல்வேலியிலிருந்து வருகிற மூன்று பேராவது அல்வா கொண்டுவருவார்கள், பாருங்கள். நீங்கள் கருப்பட்டி கேக் செய்யுங்கள். முட்டை வேண்டாம், கிரீம் வேண்டாம். கருப்பட்டிக்கு ஈரத்தைப் பிடித்து வைக்கிற குணம் உண்டு. அதனால் செய்த அன்றைக்குவிட மறுநாள்தான் கேக் மிருதுவாகும், சுக்கு வாசமும் அப்போதுதான் உள்ளே இறங்கும்.

கருப்பட்டி நல்லதாக அமைவதில்தான் பாதி வேலை இருக்கிறது. உடன்குடிக் கருப்பட்டி கிடைத்தால் அதையே வாங்குங்கள். உடைத்த இடத்தில் சீனி மாதிரி மினுமினுவென்று பளபளத்தால் சீனி கலந்திருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். 180 கிராம் கருப்பட்டியைத் தட்டி உடைத்து, 100 மில்லி தண்ணீரில் சிறு தீயில் கரையவிடுங்கள். பாகுப் பதம் எதுவும் வேண்டாம், கரைந்தால் போதும். மெல்லிய துணியில் வடிகட்டிவிட்டுத் துணியின் அடியைப் பாருங்கள். பொடி மணல், ஒன்றிரண்டு நார், சில சமயம் கறுப்பாகச் சின்னத் தூசி இருக்கும். இந்த வடிகட்டலை மட்டும் விட்டுவிடாதீர்கள். எவ்வளவு நல்ல கேக்கானாலும் பல்லில் ஒரு மணல் நெறித்தால் அதோடு போயிற்று. வடித்தது சுமார் 200 மில்லி இருக்க வேண்டும். குறைந்தால் வெந்நீர் விட்டுச் சரிசெய்யுங்கள். அப்புறம் நன்றாக ஆறவிடுங்கள். சூடாகத் தயிரில் ஊற்றினால் தயிர் திரிந்துவிடும்.

ஆறிய கருப்பட்டித் தண்ணீரில் அதிகம் புளிக்காத கெட்டித் தயிர் 150 கிராம், வாசமில்லாத எண்ணெய் 90 மில்லி சேர்த்து நன்றாக அடித்துக்கொள்ளுங்கள். நல்லெண்ணெய் வேண்டாம், அதன் வாசம் கருப்பட்டி வாசத்தை அமுக்கிவிடும். வேறொரு பாத்திரத்தில் மைதா 150 கிராம், கோதுமை மாவு 50 கிராம், பேக்கிங் பவுடர் 1 தேக்கரண்டி, சமையல் சோடா கால் தேக்கரண்டி, சுக்குப்பொடி 1 தேக்கரண்டி, ஏலப்பொடி அரைத் தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு முறை சலித்து வையுங்கள்.

தயிர் எதற்கு என்று கேட்பீர்கள். சோடா பொங்குவதற்குப் புளிப்பு வேண்டும். பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவித்தான் இறக்குகிறார்கள். அதனால் கருப்பட்டியின் புளிப்பை நம்பி சோடா போட முடியாது, தயிர்தான் அந்த வேலையைச் செய்கிறது. தயிரைக் குறைத்துவிட்டு சோடாவைக் கூட்டினால் கேக்கில் சவர்க்கார வாடை வரும்.

இரண்டையும் சேர்த்ததும் மாவு மறைகிற வரைக்கும் கலக்கினால் போதும், கட்டி ஒன்றிரண்டு இருந்தாலும் பரவாயில்லை. சப்பாத்திக்கு எவ்வளவு பிசைகிறோமோ அவ்வளவு நல்லது. கேக்குக்கு அதுவே கெடுதல், மாவின் பசை இழுத்துக்கொண்டு ரப்பர் மாதிரி ஆகிவிடும். எட்டு அங்குலச் சதுரத் தட்டில் அடியிலும் பக்கத்திலும் தாள் விரித்து ஊற்றி, முன்பே 15 நிமிடம் 170 டிகிரியில் சூடேறிய அடுப்பின் நடுத்தட்டில் வையுங்கள். 35 முதல் 40 நிமிடம் ஆகும். கருப்பட்டி முதலிலேயே கறுப்பு என்பதால் நிறத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. 32 நிமிடத்திலிருந்து நடுவில் ஈர்க்குச்சி குத்திப் பாருங்கள், மாவு ஒட்டாமல் வந்தால் எடுத்துவிடலாம்.

காலையில் சுடுவது நல்லது. எங்கள் தெருவில் சாயங்காலம் எல்லா வீட்டிலும் ஏ.சி. ஓடத் தொடங்கியதும் மின்சாரம் இறங்கிவிடும். அப்போது அடுப்பு 170 என்று காட்டினாலும் உள்ளே அந்தச் சூடு இருக்காது. பாதியில் கரண்ட் போனால் கதவை மட்டும் திறக்காதீர்கள். உள்ளே இருக்கிற சூடு கொஞ்ச நேரம் தாங்கும்.

16 துண்டு வரும். இருபது பேருக்குப் போதாதே என்று இன்னொரு தட்டு கேக் சுட வேண்டாம். கூடவே காரமாக ஒன்று வையுங்கள். விருந்தில் இனிப்பு எப்போதும் மிஞ்சும், காரம்தான் முதலில் காலியாகும். நம் ஊர்க்காரர்கள் நாக்கு அப்படி. கார பிஸ்கட் ரொம்ப எளிது. மைதா 200 கிராம், வெண்ணெய் 100 கிராம், பொடித்த சீனி 1 மேசைக்கரண்டி, உப்பு முக்கால் தேக்கரண்டி, பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி, பொடியாக நறுக்கிய பச்சை மிளகாய் 3, கறிவேப்பிலை ஒரு கைப்பிடி, கொஞ்சம் சீரகம். இரண்டு மூன்று கரண்டி தயிர் விட்டுச் சேர்த்துப் பிடியுங்கள், பிசைய வேண்டாம். மிளகாயையும் இலையையும் கழுவியதும் துணியில் ஒற்றி எடுத்துவிடுங்கள், அந்த ஈரம்தான் பிஸ்கட்டை மறுநாள் நமக்க வைக்கிறது. மே மாதத்தில் இந்த மாவு கையிலேயே இளகும். இருபது நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு அரை சென்டிமீட்டர் கனத்தில் தேய்த்து வெட்டி, அதே 170 டிகிரியில் 18 நிமிடம். முப்பதுக்கு மேல் வரும், ஒரு வாரம் கெடாது.

நேரமிருந்தால் தூத்துக்குடி மக்ரூனும் முயன்று பாருங்கள். முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரி மூன்றுதான். இரண்டு முட்டையின் வெள்ளைக்கருவுக்கு 120 கிராம் பொடித்த சீனி, 120 கிராம் முந்திரிப்பொடி. பாத்திரத்தில் துளி எண்ணெய்ப் பிசுக்கோ மஞ்சள் கருவோ இருந்தால் நுரை நிற்காது. வெள்ளைக்கருவைச் சீனியோடு, கவிழ்த்தாலும் விழாத அளவுக்கு அடித்துவிட்டு, முந்திரிப்பொடியை மெதுவாக மடித்துச் சேருங்கள். 110 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, அடுப்பை அணைத்தபின் உள்ளேயே ஆறவிடுங்கள். இது வேகிற பண்டம் இல்லை, காய்கிற பண்டம். அதனால்தான் மே மாதத்துக்குச் சரி என்கிறேன். ஆனியிலும் ஆடியிலும் தென்காசிப் பக்கம் சாரல் அடிக்கிற நாளில் இதைக் கொண்டுபோனால், சீனி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து அரை மணியில் பிசுபிசுத்துவிடும். முட்டை இருப்பதால் தனி டப்பாவில் வையுங்கள். போனதும் அந்த இரண்டு தோழிகளிடம், அவர்கள் கேட்பதற்கு முன்பே, இது முட்டை, இது முட்டை இல்லை என்று காட்டிச் சொல்லிவிடுங்கள். முந்திரி ஒத்துக்கொள்ளாதவர் யாராவது உண்டா என்றும் கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "கருப்பட்டிதானே, சுகர் இருக்கிறவங்களும் சாப்பிடலாம்" என்று விருந்துகளில் சொல்லிக் கொடுப்பதை அடிக்கடி பார்க்கிறேன். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். கருப்பட்டியிலும் பெரும்பங்கு சர்க்கரைதான், ரத்தத்தில் அது சர்க்கரையைக் கூட்டத்தான் செய்யும். அவர்களுக்கென்று அந்தக் கார பிஸ்கட்டிலும் சீனியை விட்டுவிடலாம். ஆனால் அதுவும் மைதா என்பதால் அளவோடுதான்.

அடுத்து, கட்டுவது. ஒரு முறை திசையன்விளைக்கு அவசரமாகக் கிளம்பியபோது, கேக் வெதுவெதுப்பாக இருக்கும்போதே டப்பாவில் போட்டு மூடிவிட்டேன். போய்த் திறந்தால் மூடியிலிருந்து வேர்வை மாதிரி தண்ணீர் சொட்டி, மேல்பக்கம் முழுக்கச் சொதசொதவென்று இருந்தது. அதிலிருந்து கம்பித் தட்டில் இரண்டு மணி நேரம் ஆறவிடாமல் எதையும் மூடுவதில்லை. ஆறியதும் முழுசாகவே வைத்து இரவு மூடி வையுங்கள். மறுநாள் கிளம்புவதற்கு முன் 16 துண்டாக வெட்டி, ஒவ்வொரு வரிசைக்கும் இடையில் தாள் வைத்து, ஆடாத அளவுக்குப் பொருந்துகிற சம்படத்தில் அடுக்குங்கள். இடம் மிஞ்சினால் கசக்கிய தாளைச் செருகுங்கள். இந்தக் கேக் வெளியில் இரண்டு நாள் தாங்கும், அதற்கு மேல் வெயிலில் வைக்க வேண்டாம்.

வண்டியில் மேலே வைக்காதீர்கள், மடியில் வையுங்கள், ஜன்னல் வெயில் படாமல் இருக்கட்டும். நேரம் ஒத்துவந்தால் பஸ்ஸைவிட செங்கோட்டை ரயில் நல்லது. அம்பாசமுத்திரம் வழியாகத் தென்காசிக்கே போகிறது, குலுக்கல் குறைவு.

ராத்திரி வீட்டில் வைக்கும்போது எறும்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கருப்பட்டி வாசத்துக்கு எங்கிருந்தாவது வரிசை கட்டி வந்துவிடும். அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் மேல் சம்படத்தை வைத்துவிடுங்கள்.