முணுமுணுப்பில் எத்தனை வகை?

பேச்சைக் குறிக்கும் ஆங்கில வினைச்சொற்கள் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு இந்த இதழில் விடை தருகிறோம்.

ஆங்கிலச் சிறுகதைகளைத் தமிழாக்கிப் பழகுகிறேன். மம்பிள், மட்டர், மர்மர் மூன்றுக்கும் அகராதியில் ‘முணுமுணு’ என்றே இருக்கிறது. விஸ்பரையும் சிலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். எப்படிப் பிரித்துக்கொள்வது?
– வாசகி, மதுரை

நான்குமே தாழ்ந்த குரல்தான். ஏன் தாழ்ந்தது என்று பார்த்தால் பிரிந்துவிடும்.

விஸ்பரில் குரலே இல்லை, மூச்சு மட்டும்தான். தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு ‘மாமா’ என்று வழக்கம்போலச் சொல்லிப் பாருங்கள், அதிர்வு தெரியும். அதையே ரகசியமாகச் சொன்னால் அதிர்வு நின்றுவிடும். பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கக் கூடாது, சொல்லப்படுபவருக்கு மட்டும் தெளிவாகக் கேட்க வேண்டும். அதுதான் நோக்கம். ‘கிசுகிசுத்தாள்’ சரியான சொல்தான். ஆனால் பத்திரிகை வழக்கில் கிசுகிசு வம்புச் செய்தியாகிவிட்டதால், உருக்கமான காட்சிகளில் ‘காதோடு சொன்னாள்’ என்பதே எங்கள் தேர்வு.

மர்மரில் குரல் உண்டு. மென்மையாக, விட்டுவிடாமல் ஓடும். தூங்கும் குழந்தையிடம் தாய் பேசுவது, காதலர் பேச்சு, அவையில் எழும் மெல்லிய ஆமோதிப்பு, ஓடை நீரின் சலசலப்பு எல்லாம் இதில் அடங்கும். இதயத் துடிப்போடு ஸ்டெதஸ்கோப்பில் கூடுதலாகக் கேட்கும் ஓசைக்கும் மருத்துவர்கள் மர்மர் என்றே சொல்கிறார்கள். இந்தச் சொல்லில் பெரும்பாலும் எரிச்சல் கிடையாது. விலக்கு ‘விதவுட் எ மர்மர்’ என்ற தொடர். அதற்கு ‘ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல்’ என்று பொருள்.

மம்பிள் வாயின் குறை. உதடு சரியாகத் திறப்பதில்லை, மெய்யெழுத்துகள் மழுங்கிப்போகின்றன. கூச்சம், தூக்கக் கலக்கம், வாயில் சோறு, பல் இல்லாமை என எதுவும் காரணமாகலாம். சொல்பவருக்கு ஒளிக்கும் எண்ணம் இருக்க வேண்டியதில்லை, ஆனாலும் கேட்பவருக்குப் புரியாது. ‘வாய்க்குள்ளேயே சொன்னான்’ என்பது இதற்கு அச்சாகப் பொருந்தும்.

மட்டர் மனத்தின் குறை. எரிச்சலோ மனக்குறையோ உள்ளே இருக்கும். உரக்கச் சொல்லத் துணிவிருக்காது, சொல்லாமலும் இருக்க முடியாது. தனக்குத்தானே பேசிக்கொள்வதும் இதில் சேரும். நம் ‘முணுமுணுத்தான்’, ‘முனகினான்’ இரண்டுக்கும் இதுவே நெருக்கமான இணை.

‘ஐ ஆம் சாரி’ என்ற ஒரே வசனத்தோடு நான்கையும் ஒட்டிப் பாருங்கள். விஸ்பர் என்றால் பக்கத்தில் ஆள் இருக்கிறது. மர்மர் என்றால் மனதார வருந்துகிறான். மம்பிள் என்றால் வெட்கம் வாயைக் கட்டுகிறது. மட்டர் என்றால் மன்னிப்பே வேண்டாவெறுப்பாக வருகிறது. வசனம் மாறவில்லை, ஆளே மாறிவிடுகிறான். ‘ஐ லவ் யூ, ஷி மர்மர்ட்’ என்பதை ‘முணுமுணுத்தாள்’ என்று எழுதினால் அந்தப் பெண் காதலைச் சலிப்போடு சொன்னதாகத் தமிழ் வாசகர் எடுத்துக்கொள்வார். மொழிபெயர்ப்புகளில் இந்தப் பிழையை அடிக்கடி பார்க்கிறோம், பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போதும் ஒரு குழி உண்டு. ‘பாட்டை முணுமுணுத்தபடி வந்தான்’ என்பதற்கு மட்டர் போடக் கூடாது. சொல் இல்லாமல் மெட்டு மட்டும் என்றால் ஹம். சொல்லோடு மெல்லப் பாடினால் ‘சிங்கிங் சாஃப்ட்லி’.

ஸே, டெல், ஸ்பீக், டாக் நான்கையும் குழப்பிக்கொள்கிறேன். போட்டித் தேர்வில் மதிப்பெண் போகிறது.
– தேர்வுக்குப் படிக்கும் வாசகர், கரூர்

முதலில் ஸே, டெல். டெல் வந்தால் யாரிடம் என்பது உடனே பின்னால் வர வேண்டும், நடுவில் ‘டு’ வரக் கூடாது: ‘ஹி டோல்ட் மீ’. ஸே வந்தால் ஆளைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. சொன்னால் ‘டு’ வேண்டும்: ‘ஹி செட் டு மீ’. ‘ஹி செட் மீ’, ‘ஹி டோல்ட் டு மீ’ இரண்டும் தவறு. தமிழில் ‘என்னிடம் சொன்னான்’ என்ற ஒரே அமைப்பு இரண்டுக்கும் போதுமானதால்தான் கை தானாகக் கலந்து எழுதுகிறது. நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றும்போது ‘செட் டு’ என்பது ‘டோல்ட்’ ஆவதும் இதே விதியால்தான்.

ஆள் வராமலே டெல் வரும் சில தொடர்கள் உண்டு. டெல் எ லை, டெல் த ட்ரூத், டெல் எ ஸ்டோரி, டெல் த டைம். இவற்றை மனப்பாடம் செய்துவிடுங்கள், விதி தேட வேண்டாம்.

கட்டளைக்கும் டெல்தான். ‘ஷி டோல்ட் மீ டு வெய்ட்’ என்றால் காத்திருக்கச் சொன்னாள். ‘ஷி டோல்ட் மீ தட் ஷி வாஸ் வெய்ட்டிங்’ என்றால் தான் காத்திருப்பதாகச் சொன்னாள். ‘டு’ வருகிறதா, ‘தட்’ வருகிறதா என்பதில் காத்திருப்பவரே மாறிவிடுகிறார்.

ஸ்பீக்குக்கும் டாக்குக்கும் இடையே சுவர் அவ்வளவு உயரமில்லை. மொழியைச் சொல்லும்போது ஸ்பீக் மட்டும்: ‘ஷி ஸ்பீக்ஸ் இங்கிலீஷ்’. மேடையில் ஒருவர் பேசப் பலர் கேட்டால் ஸ்பீக், இரண்டு பேர் மாறிமாறிப் பேசினால் டாக். தொலைபேசியில் முன்பின் தெரியாதவரிடம் ‘மே ஐ ஸ்பீக் டு...’ என்பதே மரியாதை.

இன்னும் மூன்று வினைகளைக் கவனியுங்கள், தேர்வில் விரும்பிக் கேட்பவை. டிஸ்கஸ் பின்னால் ‘அபவுட்’ வராது. எக்ஸ்ப்ளெய்ன், சஜஸ்ட் இரண்டும் ஆளை நேரே ஏற்காது. ‘எக்ஸ்ப்ளெய்ன் மீ’ தவறு, ‘எக்ஸ்ப்ளெய்ன் இட் டு மீ’ சரி.

மருத்துவமனையில் நோயாளியின் பேச்சு எப்படி இருக்கிறது என்று ஆங்கிலத்தில் குறிப்பு எழுதுகிறோம். ஸ்டாமர், ஸ்டட்டர், ஸ்லர், லிஸ்ப் இவற்றில் எதை எப்போது எழுதுவது?
– செவிலியர், தஞ்சாவூர்

ஸ்டாமரும் ஸ்டட்டரும் மருத்துவத்தில் ஒன்றே. பிரிட்டனில் ஸ்டாமர், அமெரிக்காவில் ஸ்டட்டர். ஒலி திரும்பத் திரும்ப வருவது, ஒரே ஒலி நீள்வது, சொல் வெளியே வராமல் அடைத்துக்கொள்வது மூன்றும் இதன் கூறுகள். தமிழில் திக்குதல். லிஸ்ப் என்பது ‘ஸ’ ஒலி நாக்கும் பல்லும் உரசும் ‘த்’ போல ஆவது. இது நெடுநாளாக இருக்கும் இயல்பாகவே பெரும்பாலும் காணப்படும்.

ஸ்லர்ட் ஸ்பீச்சை மிகவும் கவனித்து எழுதுங்கள். சொற்கள் ஒன்றோடொன்று வழுக்கிக் கலந்துவிடும், குழறல் என்போம். குடிபோதையிலும் வரும், சில மருந்துகளாலும் வரும். திடீரென்று வந்தால் பக்கவாதத்தின் அறிகுறியாக இருக்கலாம். முகம் ஒரு பக்கம் கோணுகிறதா, கையைத் தூக்கினால் தாழ்கிறதா என்று உடனே பார்த்து மருத்துவரை அழைக்க வேண்டும். குறிப்பில் ‘ஸ்லர்ட்’ என்று மட்டும் எழுதி நிறுத்தாமல், நோயாளி கடைசியாக நன்றாகப் பேசிய நேரத்தையும் எழுதுங்கள். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்தக் கணக்கு கடைசியாக நலமாக இருந்த நேரத்திலிருந்தே தொடங்குகிறது, நோயாளி வந்து சேர்ந்த நேரத்திலிருந்து அல்ல.

குழறலையும் அஃபேசியாவையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. முன்னதில் சொல் சரி, உச்சரிப்பு கெட்டிருக்கிறது. பின்னதில் உச்சரிப்பு தெளிவாகவே இருக்கலாம், ஆனால் சொல் கிடைப்பதில்லை, அல்லது பேனாவைக் காட்டினால் சாவி என்கிறார். இன்கோஹியரன்ட் வேறு. சொற்கள் புரியும், பேச்சில் தொடர்பு இருக்காது. ஹோர்ஸ் என்றால் குரல் கம்மல். ‘மம்பிளிங்’ என்ற சொல்லைக் குறிப்பில் தவிர்ப்பது நல்லது. இவற்றில் எது என்று அடுத்த பணிநேரத்தில் வருபவருக்கு அதிலிருந்து தெரியாது.

ஏஜென்சிச் செய்திகளைத் தமிழாக்குகிறேன். க்ளெய்ம்ட், அட்மிட்டட், அலெஜ்ட், இன்சிஸ்டட், ரெஃப்யூட்டட் எல்லாவற்றுக்கும் ‘கூறினார்’ போட்டால் என்ன?
– வாசகர், சென்னை

போடலாம், சில இடங்களில் அதுவே பாதுகாப்பும் கூட. ஆனால் மூலத்தில் இருந்த எடை காணாமல் போகும். இந்த வினைகள், பேச்சைச் செய்தியாளர் எவ்வளவு நம்புகிறார் என்பதையும் சேர்த்துச் சொல்கின்றன.

க்ளெய்ம் என்றால் அவர் சொல்கிறார், நாங்கள் சரிபார்க்கவில்லை. ‘என்று அவர் தரப்பில் கூறப்படுகிறது’ போதும். ‘உரிமை கோரினார்’ என்று எழுதினால் சொத்து வழக்காகிவிடும். அலெஜ் மெய்ப்பிக்கப்படாத குற்றச்சாட்டு, ‘குற்றஞ்சாட்டினார்’. பாயின்ட் அவுட் எதிர்த்திசை. ‘சுட்டிக்காட்டினார்’ என்று எழுதியவுடன் அவர் சொன்னது உண்மை என்று நீங்களும் கையெழுத்திடுகிறீர்கள். அரசியல்வாதியின் புள்ளிவிவரத்துக்கு இந்தச் சொல்லைப் போடுமுன் எண்ணைச் சரிபாருங்கள்.

இன்சிஸ்ட் இரண்டு வகை. ‘இன்சிஸ்டட் ஆன்’ வந்தால் கோரிக்கை, வலியுறுத்தினார். ‘இன்சிஸ்டட் தட் ஹி வாஸ் இன்னசன்ட்’ வந்தால் ‘தான் நிரபராதி என்று உறுதிபடச் சொன்னார்’. இங்கே ‘வலியுறுத்தினார்’ ஒட்டாது.

டினை என்றால் மறுத்தார், அவ்வளவே. ரெஃப்யூட் என்றால் சான்று காட்டிப் பொய்யென நிறுவினார். இன்று பல ஆங்கில நாளேடுகளே ரெஃப்யூட்டை வெறும் மறுப்புக்குப் பயன்படுத்துகின்றன. ஆகவே செய்தியில் சான்று ஏதும் இல்லையென்றால் ‘மறுத்தார்’ என்றே எழுதுங்கள்.

அட்மிட், கன்ஃபெஸ் இரண்டிலும் தவறு நடந்தது என்ற தீர்ப்பு முன்கூட்டியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘கைதானவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்’ என்ற வரியின் மூலம் பெரும்பாலும் போலீஸார்தான். காவல் அதிகாரியிடம் தந்த வாக்குமூலத்தைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்று 1872-ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டம் 25-ஆம் பிரிவில் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியம் 23-ஆம் பிரிவில் அதையே சொல்கிறது. நீதிமன்றமே எளிதில் ஏற்காத ஒன்றைத் தலைப்பில் தீர்ப்பாக எழுதக் கூடாது. ‘ஒப்புக்கொண்டதாகப் போலீஸார் கூறினர்’ என்று எழுதுங்கள். இரண்டு சொல் கூடும், ஒரு மனிதரின் பெயர் காக்கப்படும்.

அலுவலகத்தில் ‘ஹி ஷவுட்டட் அட் மீ’ என்று சொன்னதும் மேலாளர் விசாரணைக்கே போய்விட்டார். தூரத்திலிருந்து கூப்பிட்டதைத்தான் சொன்னேன்.
– வாசகி, கோயம்புத்தூர்

‘ஷவுட் அட்’ என்றால் திட்டினார், சத்தம் போட்டார். தூரத்திலிருந்து கேட்கும்படி கூப்பிட்டதற்கு ‘ஷவுட்டட் டு மீ’ அல்லது ‘கால்ட் அவுட் டு மீ’. இதே அலுவலகத்தில் இன்னொன்றும் தேவைப்படும். போனில் எதிர்முனை சரியாகக் கேட்காவிட்டால் ‘ப்ளீஸ் ஸ்பீக் அப்’ என்று கேளுங்கள். ‘ஸ்பீக் அவுட்’ என்றால் அநீதியை வெளிப்படையாகப் பேசச் சொல்கிறீர்கள்.