விழாத கொடியும் நான்காவது டவுனும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அரிசோனாவில் சாண்ட்லரில் இருக்கிறோம். மகன் டெம்பேயில், அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். 2025 ஜனவரி 1 அன்று அட்லாண்டாவில் நடந்த பீச் பவுல் காலிறுதியில் எங்கள் ஃபுட்பால் அணி டெக்சாஸிடம் இரண்டு ஓவர்டைம் வரை போய் 31-39 என்று தோற்றது. எங்கள் நண்பர்கள் வட்டத்தில் அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. ஆட்டம் சமமாக இருந்த கடைசி நேரத்தில் டெக்சாஸ் வீரர் எங்கள் ரிசீவரின் தலையில் மோதினார். ரிவ்யூ பார்த்தும் டார்கெட்டிங், அதாவது தலையைக் குறிவைத்து மோதும் ஃபவுல், இல்லை என்றார்கள். பெரிய அணிக்காக ஆட்டத்தைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டார்கள் என்பது என் கட்சி. டெக்சாஸில் படித்த நண்பர் ஒருவர், "நான்காவது டவுனில் 13 யார்டைத் தடுக்கத் தெரியாதவர்கள் நடுவரைத் திட்டக் கூடாது" என்கிறார். மற்றவர்கள், "16 புள்ளி பின்னால் இருந்து எழுந்து வந்தார்களே, அதுவே பெரிசு" என்று சமாதானம் சொல்கிறார்கள். அதுதான் எனக்கு அதிகம் எரிச்சலூட்டுகிறது.

விதிப்படி அது ஃபவுலா, இல்லையா? ஃபவுல் என்றால் ஆட்டம் எங்களுக்குத்தானே? அப்படிக் கொடுத்திருந்தால் அந்த வீரர் அரையிறுதியில் ஆடியிருக்க முடியுமா?

க., சாண்ட்லர்

*

அன்புள்ள க.,

அது ஃபவுல் என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அதைக் கொடுத்திருந்தால் ஆட்டம் உங்கள் கைக்கு வந்திருக்கும் என்று சொல்ல முடியாது. உங்கள் வட்டத்தில் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள். சண்டை ஓயாததற்கு அதுதான் காரணம்.

அமெரிக்க ஃபுட்பால் பழக்கமில்லாத வாசகர்களுக்காகச் சில வரி. பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளில், அதாவது நான்கு டவுன்களில், 10 யார்டு முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு டவுன் கிடைக்கும். மூன்று டவுனில் முடியவில்லை என்றால் வழக்கமாக நான்காவதில் பந்தைத் தூர உதைத்து எதிரணியிடம் கொடுத்துவிடுவார்கள். அது பன்ட். பந்தை எதிரணியின் கோடிப் பகுதியான எண்ட் ஸோனுக்குள் சேர்த்தால் டச் டவுன், 6 புள்ளி. அதன் பிறகு உதைத்து 1 புள்ளியோ, ஓடியோ எறிந்தோ 2 புள்ளியோ கூட்டிக்கொள்ள ஒரு முயற்சி உண்டு. கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்தால் ஃபீல்ட் கோல், 3 புள்ளி.

இப்போது அந்தக் கட்டம். 24-24. டெக்சாஸின் பெர்ட் ஆபர்ன் 48 யார்டு ஃபீல்ட் கோலைத் தவறவிட்டபோது 1:39 மீதம். பந்து அரிசோனா ஸ்டேட்டிடம். மூன்றாவது டவுன், 15 யார்டு தேவை. பந்தை எறியும் குவார்டர்பேக் சாம் லெவிட் நடுவில் மெல்க்வான் ஸ்டோவாலுக்கு எறிகிறார். ஸ்டோவால் பிடித்த நொடியில் டெக்சாஸின் பின்வரிசைத் தடுப்பாளர் (சேஃப்டி) மைக்கேல் டாஃப் வந்து மோதுகிறார். தலைக்கவசத்தோடு தலைக்கவசம். களத்தில் எட்டு நடுவர்கள் இருக்கிறார்கள், ஒருவரும் ஃபவுல் என்று கொடி வீசவில்லை. மாடத்தில் இருக்கும் ரீப்ளே நடுவர் ஆட்டத்தை நிறுத்திப் பார்த்துவிட்டு டார்கெட்டிங் இல்லை என்கிறார். பிடித்த யார்டு போதவில்லை. நான்காவது டவுனில் பன்ட்.

கல்லூரி ஃபுட்பால் விதிப்புத்தகத்தில் இதற்கான இடம் 9-1-4. தற்காத்துக்கொள்ள முடியாத நிலையில் இருக்கும் வீரரின் தலை அல்லது கழுத்துப் பகுதியில் வலுவாக மோதக் கூடாது. பந்தைப் பிடித்து, ஆனால் தன்னைக் காத்துக்கொள்ள இன்னும் நேரம் கிடைக்காத ரிசீவர் அந்தப் பட்டியலில் தெளிவாக இருக்கிறார். ஸ்டோவால் விஷயத்தில் இந்த இரண்டு நிபந்தனையிலும் எனக்குச் சந்தேகமில்லை. சிக்கல் மூன்றாவதில். மோதியவர் குறிவைத்தார் என்பதற்கு ஓர் அறிகுறியாவது வேண்டும்: தரையை விட்டுத் தாவியிருக்க வேண்டும், அல்லது குனிந்து மேல்நோக்கி உந்தியிருக்க வேண்டும், அல்லது தலைக்கவசம், தோள், கை எதையாவது முன்னே செலுத்தித் தலைப்பகுதியைத் தாக்கியிருக்க வேண்டும், அல்லது தலையைத் தாழ்த்தி உச்சியால் முட்டியிருக்க வேண்டும்.

டாஃப் தாவவில்லை. கீழிருந்து உந்தவும் இல்லை. அவர் பக்கம் பேசுகிறவர்கள் சொல்வது இதைத்தான்: அவர் நேராக ஓடிவந்தார், இரண்டு உடல்கள் நெருங்கிய இடத்தில் தலைகள் இடித்துக்கொண்டன. பொய்யான வாதம் அல்ல. ஆனால் மூன்றாவது அறிகுறி மிச்சமிருக்கிறது. முதலில் தொட்டது எது என்று மெதுவோட்டத்தில் பாருங்கள். தோள் இல்லை, கை இல்லை, தலைக்கவசம். கைகளால் வளைத்துப் பிடிக்கும் முயற்சி அதற்குப் பிறகுதான் வருகிறது. 'தலைக்கவசத்தை முன்செலுத்தி' என்று விதி சொல்வது இதைத்தான் என்பது என் வாசிப்பு.

அப்படியானால் ரீப்ளே நடுவர் ஏன் கொடுக்கவில்லை? விலைபோனார் என்று நினைக்க எந்த ஆதாரமும் இல்லை. காரணம் விதியின் அமைப்பிலேயே இருக்கிறது. 9-1-4 களத்து நடுவரிடம் சொல்வது: சந்தேகம் வந்தால் அது ஃபவுல், கொடியை வீசு. ரீப்ளேக்கு இருக்கும் கட்டளையோ நேர் எதிர். எல்லா நிபந்தனைகளும் படத்தில் உறுதியானால்தான் டார்கெட்டிங், ஒன்று குறைந்தாலும் இல்லை. கிரிக்கெட் டிஆர்எஸ்ஸில் நூலிழையில் இருப்பதை 'அம்பயர்ஸ் கால்' என்று களத்துத் தீர்ப்பிடமே விட்டுவிடுவார்கள் அல்லவா, டார்கெட்டிங்கிலும் அதுபோல ஒரு நடுவழி இருந்தது. 2019இல் அதை எடுத்துவிட்டார்கள். தவறாக ஒரு வீரரை வெளியேற்றக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். 2013இல் வெளியேற்றம் கட்டாயமானபோது நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த எண்ணம் புரியும். ரிவ்யூவில் வெளியேற்றம் ரத்தானாலும் 15 யார்டு தண்டனை மட்டும் அந்த ஆண்டு அப்படியே நின்றது. அடுத்த ஆண்டுதான் அதைத் திருத்தினார்கள்.

ஆகவே கொடி விழாமல் மாடத்துக்குப் போன எந்த மோதலிலும் சந்தேகத்தின் பலன் மோதியவருக்குத்தான் போகும். பெரும்பாலும் தவறு ரீப்ளே அறையில் நடந்ததாகவே பேசுகிறார்கள். எனக்கு அது களத்தில், அந்த ஒரு நொடியில் நடந்தது. சந்தேகம் வந்தால் வீசு என்று விதி கையில் கொடுத்திருக்கும் கொடியை யாரும் வீசவில்லை. வீசியிருந்தாலும் ரிவ்யூவில் நின்றிருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை, அதே மூன்றாவது நிபந்தனைதான் அங்கும். ஆனால் மாடத்தில் இருப்பவர் அப்போது ஒரு சக நடுவரின் தீர்ப்பை ரத்து செய்யக் காரணம் காட்ட வேண்டியிருந்திருக்கும்.

பெரிய அணிக்குச் சாதகம் என்ற உங்கள் கட்சிக்கு வருகிறேன். கல்லூரி ஃபுட்பால் நடுவர்கள் ஒரே தேசிய அமைப்பின் ஊழியர்கள் அல்ல. விதி ஒன்றுதான். ஆனால் அவர்களைத் தேர்ந்தெடுப்பதும் பயிற்றுவிப்பதும் தரம் போடுவதும் அந்தந்த கான்ஃபரன்ஸ், அதாவது பல்கலைக்கழக அணிகளின் போட்டிக் கூட்டமைப்பு. ஒரு கான்ஃபரன்ஸில் கொடி விழும் மோதல் இன்னொன்றில் சும்மா போகிறது. அந்த ஆட்டத்துக்குப் பிறகு பிக் 12 கான்ஃபரன்ஸின் கமிஷனர் பிரெட் யோர்மார்க் நாடு முழுவதற்கும் ஒரே அளவுகோல் வேண்டும் என்று கேட்டார். அவர் உங்கள் அணியின் கான்ஃபரன்ஸ்காரர்தான், இருந்தாலும் கேட்டது நியாயம். கோபத்தை அங்கே செலுத்துங்கள், பலன் இருக்கும்.

இனி இரண்டாவது கேள்வி. ஃபவுல் என்று வைத்துக்கொள்வோம். 15 யார்டு, தானாக முதல் டவுன். பந்து டெக்சாஸின் பாதிக்குள் போயிருக்கும், கடிகாரத்தில் ஏறத்தாழ ஒரு நிமிடம். நல்ல வாய்ப்பு. ஆனால் கல்லூரி உதைப்பாளருக்கு அந்த இடத்திலிருந்து ஃபீல்ட் கோல் நம்பகமானதல்ல. இன்னும் பத்துப் பதினைந்து யார்டாவது வேண்டியிருந்திருக்கும். உங்கள் அணி அந்த சீசனில் உதைப்பாளர் விஷயத்தில் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். அக்டோபரில் சின்சினாட்டியிடம் தோற்ற கையோடு பயிற்சியாளர் கென்னி டில்லிங்ஹாம், திங்கட்கிழமை உதைக்கத் தெரிந்தவர்கள் தேர்வுக்கு வரலாம் என்று பகிரங்கமாகவே அழைத்தார்.

நடந்தது என்ன? பன்டுக்குப் பிறகு மிச்சமிருந்த சொற்ப நேரத்தில் டெக்சாஸ் வேகமாக முன்னேறி 38 யார்டு ஃபீல்ட் கோல் தூரத்துக்கு வந்துவிட்டது. நேரம் முடியும்போது ஆபர்ன் உதைத்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அது உள்ளே போயிருந்தால் 27-24, ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும். அப்போது உங்கள் வாதத்துக்கு இன்னும் பலம் இருந்திருக்கும். கொடி பறித்ததைக் கம்பம் திருப்பிக் கொடுத்தது.

பிறகு முதல் ஓவர்டைம். இதில் இரண்டு அணிகளும் மாறி மாறி எதிரணியின் 25 யார்டு கோட்டிலிருந்து தொடங்கும். கேம் ஸ்காட்டபோ ஓடி டச் டவுன் போட, அரிசோனா ஸ்டேட் 31-24 என்று முன்னால். டெக்சாஸ் 25 யார்டு கோட்டில் தொடங்கிப் பின்னால் தள்ளப்பட்டு 28இல் நிற்கிறது. நான்காவது டவுன், 13 யார்டு. இந்த ஒரு முயற்சியைத் தடுத்தால் அரையிறுதி.

இந்த இடத்தில் உங்கள் டெக்சாஸ் நண்பர் சொல்வதில் பாதி சரி. 28இல் இருந்து 13 யார்டு என்றால் 15 யார்டு கோடு. அதற்கு முன்னால் எங்கே பிடித்து விழுந்தாலும் ஆட்டம் முடிந்தது. அதற்குப் பின்னால் காக்க வேண்டிய ஆழம் 15 யார்டும் எண்ட் ஸோனின் 10 யார்டும் மட்டுமே. குவார்டர்பேக் மீது பாய மூன்று பேர் போதும், மற்ற எட்டுப் பேரைப் பின்னால் நிறுத்தினால் எறிகிறவருக்கு இடைவெளியே தெரியாது. அரிசோனா ஸ்டேட் குவார்டர்பேக்கை அவசரப்படுத்தக் கூடுதல் ஆட்களை அனுப்பியது. அனுப்பிய ஒவ்வொருவருக்கும் பின்னால் ஓர் இடம் காலி. டெக்சாஸ் குவார்டர்பேக் க்வின் யூவர்ஸ் அதைப் படித்துவிட்டார். மாத்யூ கோல்டனுக்கு எதிரே ஒருவர்தான். 28 யார்டு டச் டவுன், 31-31. அழுத்தம் கொடுப்பது அந்த அணியின் இயல்பு, துணிவான தேர்வு என்று வாதிடலாம். தூரம் 5 யார்டாக இருந்தால் நானும் ஒப்புக்கொள்வேன். 13க்கு அது தவறான தேர்வு.

இரண்டாவது ஓவர்டைமில் டெக்சாஸின் முதல் முயற்சியிலேயே கன்னர் ஹெல்முக்கு 25 யார்டு டச் டவுன். அந்தக் கட்டத்தில் டச் டவுனுக்குப் பிறகு இரண்டு புள்ளி முயற்சி கட்டாயம், அதையும் கோல்டன் பிடித்தார். 39-31. லெவிட் எறிந்ததை டெக்சாஸின் ஆண்ட்ரூ முகுபா பறித்தார், முடிந்தது. இவை எதற்கும் விழாத கொடிக்கும் சம்பந்தமில்லை.

நண்பர் தவறுவது அடுத்த பாதியில். 13 யார்டு கொடுத்துவிட்டீர்கள், ஆகவே நடுவரைப் பற்றிப் பேசாதீர்கள் என்கிறார். அந்தத் தவறு இந்தத் தவறை அழித்துவிடாது. 2006இல் ஓரிகனில் ஓக்லஹோமாவுக்கு நடந்தது இதற்கு நல்ல உதாரணம். பந்தைத் தானே திரும்பப் பெற ஓரிகன் உதைத்த குறுகிய உதை (ஆன்சைட் கிக்) 10 யார்டு போவதற்குள், தொடக் கூடாத நேரத்தில், ஓரிகன் வீரர் தொட்டுவிட்டார், பந்தை எடுத்ததும் ஓக்லஹோமா வீரர். ரீப்ளே பார்த்தும் ஓரிகனுக்கே கொடுத்தார்கள். ஓக்லஹோமா 33-34 என்று தோற்றது. நடுவர் குழுவையும் ரீப்ளே நடுவரையும் ஓரிகனின் கான்ஃபரன்ஸான பேக்-10 ஒரு ஆட்டத்துக்கு இடைநீக்கம் செய்தது. முடிவு மட்டும் மாறவில்லை. அந்த ஆட்டத்திலும் தவறான தீர்ப்புக்குப் பிறகு ஓக்லஹோமா ஒரு டச் டவுனை விட்டுக்கொடுத்தது, கடைசி ஃபீல்ட் கோல் முயற்சி தடுக்கப்பட்டது. அதற்காக அந்தத் தீர்ப்பு சரி என்று யாரும் சொல்லவில்லை. அதே ஓக்லஹோமா அந்த ஆண்டு பிக் 12 பட்டத்தை வென்றது.

உங்களுக்கு எரிச்சலூட்டும் சமாதானத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எழுந்து வந்ததே பெரிசு என்று முதுகில் தட்டிவிட்டுப் போனால் எனக்கும் பிடிக்காது. எப்படி எழுந்தார்கள் என்று பார்த்தால் அது ஆறுதல் பரிசாகத் தெரியாது. நான்காவது கால்பகுதியில் 8-24. பதினாறு புள்ளி என்றால் இரண்டு டச் டவுன், இரண்டிலும் இரண்டு புள்ளி முயற்சி ஜெயிக்க வேண்டும். 3 யார்டு தூரத்திலிருந்து ஒரே வாய்ப்பு, கல்லூரி ஆட்டத்தில் பொதுவாகப் பாதிக்கும் குறைவாகத்தான் பலிக்கும். இரண்டும் அடுத்தடுத்துப் பலிப்பது ஐந்தில் ஒரு முறை இருந்தாலே அதிகம். அவர்கள் இரண்டையும் போட்டார்கள். முதல் டச் டவுனை எறிந்தது குவார்டர்பேக் அல்ல, பந்தோடு ஓடுவதே முக்கிய வேலையான ரன்னிங் பேக் ஸ்காட்டபோ. மலிக் மெக்ளெய்னுக்கு 42 யார்டு. டெக்சாஸ் தடுப்பாளர்கள் அன்று முழுக்க அவர் ஓட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதைத்தான் பயிற்சியாளர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். முதன்மை ரிசீவர் ஜோர்டன் டைசன் நவம்பரில் காறை எலும்பு முறிந்து வெளியே இருந்தார், ஆகவே எறிய வேறு வழி தேட வேண்டியிருந்தது. ஸ்காட்டபோ 143 யார்டு ஓடி, 99 யார்டு பிடித்து, தோற்ற அணியில் இருந்துகொண்டே ஆட்டத்தின் சிறந்த தாக்குதல் வீரர் விருதை வாங்கினார்.

2023இல் அரிசோனா ஸ்டேட் மூன்று வெற்றி, ஒன்பது தோல்வி. 2024 சீசனுக்கு முன் பிக் 12இல் 16 அணிகளில் கடைசி இடம் என்று கணிக்கப்பட்டவர்கள். டிசம்பரில் அயோவா ஸ்டேட்டை 45-19 என்று அடித்து அதே பிக் 12இன் சாம்பியன். இது திட்டமிட்டுப் பெற்ற திறமை, அதைத் திறமையாகவே பேசுங்கள். அப்படிப் பேசுகிறவர்தான் அந்த நான்காவது டவுன் தேர்வையும் கூச்சமில்லாமல் விமர்சிக்க முடியும்.

கடைசிக் கேள்விக்குச் சுருக்கமான பதில். அப்போதிருந்த விதிப்படி, ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் டார்கெட்டிங் உறுதியானால் மீதி ஆட்டத்திலிருந்து வெளியேற்றம், அடுத்த ஆட்டத்தின் முதல் பாதியும் கிடையாது. டாஃப் அந்த ஓவர்டைம்கள் இரண்டிலும் இருந்திருக்க மாட்டார். டெக்சாஸ் அப்படியும் ஜெயித்திருந்தால், ஜனவரி 10 அன்று காட்டன் பவுலில் ஓஹையோ ஸ்டேட்டுக்கு எதிரான அரையிறுதியில் இடைவேளைக்குப் பிறகுதான் இறங்கியிருப்பார். அந்த ஆட்டத்தில் டெக்சாஸ் 14-28 என்று தோற்றது.