ஆமைக்கு 2 அடி கண்ணாடித் தொட்டி போதுமா, இல்ல பண்ணைக்குட்டையில விட்டுடலாமா?

கேள்வி: வணக்கம் சார், கோபி பக்கம் 3 ஏக்கர், மாடு 4 இருக்கு. பாப்பா ஆசைப்பட்டான்னு ரெண்டு வருஷம் முன்னாடி கடையில ஒரு ஆமைக்குட்டி வாங்கினோம், பச்சை ஓடு, கண்ணு பின்னாடி சிவப்பு கோடு. அப்ப அஞ்சு ரூபா காயின் சைஸ் இப்ப உள்ளங்கையை தாண்டிடுச்சு, இன்னும் பிளாஸ்டிக் பேசின்லதான் இருக்கு. ஓடு ஓரத்துல அமுக்கினா லேசா நெகிழுற மாதிரி இருக்கு. கடைக்காரர் 2 அடி கண்ணாடித் தொட்டி போதும்ங்கிறார். அதை வாங்கலாமா, மாட்டுத் தண்ணித் தொட்டியில விடலாமா, இல்ல பண்ணைக்குட்டையிலயே விட்டுடலாமா?

பதில்: தம்பி, கண்ணாடித் தொட்டிக்கு காசு குடுக்காதீங்க, மத்த ரெண்டும் கூட வேண்டாம், உங்க தோட்டத்துலயே இதைவிட நல்ல வழி இருக்கு சொல்றேன்.

நீங்க சொல்ற அடையாளம் வச்சு பாத்தா இது செங்காது ஆமை, கடையில ரெட் இயர்ட் ஸ்லைடர்னு சொல்லுவாங்க, அமெரிக்கா மிசிசிப்பி ஆத்துப் பக்கத்து ஜாதி. (நம்ம ஊரு பால் ஆமையோ நட்சத்திர ஆமையோ இருந்தா வீட்டுல வச்சிருக்கறதே 1972 வனவிலங்கு சட்டப்படி குத்தம், அது வேற கதை.) குட்டியா இருக்கறப்போ காயின் மாதிரி இருக்கும், ஆனா பொட்டை ஆமை 10 இஞ்ச், சிலது 12 இஞ்ச் வரைக்கும் போகும், ஆண் 7, 8 இஞ்ச்ல நிக்கும், நல்லா பாத்துக்கிட்டா 20 - 30 வருஷம் இருக்கும். பாப்பா கல்யாணமாகி போனப்புறமும் ஆமை உங்ககிட்டதான் இருக்கும், அதனால இன்னைக்கு சைஸுக்கு தொட்டி வாங்கினா வருஷா வருஷம் தொட்டி வாங்கிட்டேதான் இருக்கணும்.

கணக்கு ரொம்ப சிம்பிள். ஓட்டோட நீளத்தை கழுத்துப் பக்கத்துல இருந்து வால் பக்கம் வரைக்கும் நேர்கோட்டுல அளங்க, மேடு மேல டேப்பை வளைச்சு வச்சு அளக்கக்கூடாது, ஒரு இஞ்சுக்கு சுமாரா 40 லிட்டர் தண்ணி வேணும். உங்களுது 5 இஞ்ச்னு வச்சுக்கிட்டாலே 200 லிட்டர், பெருசானா 400 லிட்டர். கடைக்காரர் சொன்ன 2 அடி தொட்டி, அதாவது 2க்கு 1க்கு 1, விளிம்பு வரைக்கும் ரொப்பினாலே 56 லிட்டர்தான் புடிக்கும்! சரி பெருசா 4 அடி தொட்டி வாங்கலாம்னா தண்ணி மட்டுமே 200 கிலோவுக்கு மேல, அதுக்கு தனி ஸ்டாண்டு, ஃபில்டர், வெயில் பட கல்லுக்கு மேல ஒரு பல்பு, யுவிபி லைட்டு (வெயில்ல இருக்கற புற ஊதாக் கதிரைக் குடுக்கற லைட்டு), அந்த லைட்டும் எரிஞ்சுட்டே இருக்கும் ஆனா ஆறு மாசம் ஒரு வருஷத்துல உள்ள சத்து போயிடும் மாத்தணும். டவுன்ல அபார்ட்மெண்ட்ல இருக்கறவங்களுக்கு வேற வழியில்ல, உங்களுக்கு ஏன் இந்த தலைவலி.

ஓடு நெகிழுதுன்னு எழுதினீங்க பாருங்க, அதுதான் எனக்கு பெரிய விஷயமா படுது. வீட்டுக்குள்ள பேசின்ல வெயில் படாம இருந்தா சுண்ணாம்புச் சத்து ஓட்டுல சேராது. ஜன்னல் பக்கம் வச்சிருக்கேனேன்னு சொல்லாதீங்க, நானும் முதல்முதல்ல ஒரு ஆமையை அப்படித்தான் ஜன்னல் ஓரமா கண்ணாடித் தொட்டியில வச்சு ஆறு மாசம் வெயில் காட்டினதா நெனச்சு ஏமாந்தேன், கண்ணாடி அந்த யுவிபியை வடிகட்டிடும், சூடு மட்டும்தான் உள்ள வரும். நேர் வெயில் வேணும்.

அதனால உறை போடுங்க. கிணத்துக்கு இறக்குற சிமெண்ட் உறைதான், 4 அடி விட்டம், ஒரு அடி உயரத்துல ரெண்டு எடுத்து ஒண்ணு மேல ஒண்ணு வச்சு இணைப்புல சிமெண்ட் பூசி, அடியில லேசா சரிவா தளம் போட்டு சரிவு முடியற இடத்துல ஒன்றரை இஞ்ச் பைப்பும் வால்வும் வச்சிடுங்க. ஒண்ணேகால் அடி தண்ணி நிறுத்தினா 440 லிட்டருக்கு மேல வரும், மேல முக்கால் அடி சுவர் மிச்சம் இருக்கும். அந்த முக்கால் அடி முக்கியம், இதுங்க ஏறும், கல்லை சுவரை ஒட்டி வச்சீங்கன்னா அதுமேல ஏறி வெளிய குதிச்சிடும், கல்லை நடுவுல வைங்க. ரெண்டு செங்கல் அடுக்கு மேல ஒரு கடப்பாக்கல்லை சாய்வா போட்டா போதும், ஒரு முனை தண்ணிக்குள்ள மறு முனை காய்ஞ்சு இருக்கணும். காலையில அது மேல ஏறி கழுத்தை நீட்டி பின்னங்கால் ரெண்டையும் பின்னாடி விரிச்சு வச்சுக்கிட்டு படுத்திருக்கும், பாப்பா செத்துப்போச்சுன்னு அழுவா, பயப்பட வேண்டாம் அது வெயில் காயுது.

புது சிமெண்ட்ல உடனே விடாதீங்க, காரம் இறங்கும். ரெண்டு மூணு வாரம் தண்ணி ரொப்பி ரொப்பி மாத்துங்க, மீன் வளக்கறவங்க வாழைத்தண்டை நறுக்கிப் போட்டு ஊறவைப்பாங்க அதையும் செய்யலாம். அதுவரைக்கும் பேசினையே காலையில ஒரு மணி நேரம் வெளிய வைங்க, பாதி நிழல் இருக்கற மாதிரி, சின்ன பேசின் தண்ணி சீக்கிரம் கொதிச்சுடும் பக்கத்துலயே இருங்க. உறைக்கும் பாதி வாய்க்கு தென்னங்கீத்து போடுங்க, சித்திரை வெயில்ல முழுசா திறந்து விட்டா ஆமை வெந்துடும். மேல கோழி வலை கட்டாயம், காக்கா, கீரி, நாய் எதையும் நம்ப முடியாது. அடியில சின்ன ஜல்லி போடாதீங்க முழுங்கிடும், போட்டா அதோட தலையை விட பெரிய கல்லா போடுங்க.

போர் தண்ணி நேரா விடலாம், பஞ்சாயத்து தண்ணின்னா பிளீச்சிங் பவுடர் இருக்கும், ஒரு நாள் திறந்து வச்சு விடுங்க. ஃபில்டர் இல்லாட்டி வாரம் ரெண்டு தடவை பாதி தண்ணி மாத்துங்க, வெளிய வர்ற தண்ணி வாழைக்கு தென்னைக்கு நல்ல உரம், கீரைப் பாத்திக்கு மட்டும் வேண்டாம், ஆமை உடம்புல சால்மோனெல்லா கிருமி இருக்கும். மாட்டுத் தொட்டி வேண்டாம்னு சொன்னதும் இதுக்குத்தான், மாடு குடிக்கற தண்ணியில அது எச்சம் போடும். பாப்பா தொட்டுட்டு சோப்பு போட்டு கை கழுவணும், அமெரிக்காவுலயே குழந்தைங்களுக்கு இந்தக் கிருமி வந்துதான் 1975ல 4 இஞ்சுக்கு கீழ ஆமை விக்கக்கூடாதுன்னு தடை போட்டாங்க.

பண்ணைக்குட்டையில மட்டும் விட்டுடாதீங்க. மழைக்கு குட்டை வழிஞ்சா வாய்க்கால் வழியா போயிடும், நம்ம ஊரு ஆமைங்க இரையையும் வெயில் காயற இடத்தையும் புடிச்சுக்கும். கேரளாவுல திருச்சூர் பக்கம் இப்படித்தான் யாரோ விட்டு நீர்நிலையில பரவக்கூடாதுன்னு ஆராய்ச்சிக்காரங்க தேடித்தேடி புடிக்க வேண்டி வந்துச்சு. வளக்க முடியலன்னா வளக்கறவங்க கையில குடுங்க, தண்ணியில விடாதீங்க.

தீனிக்கு மாட்டுக்கு போடற அசோலா இருந்தா ஒரு கைப்பிடி போடுங்க, நல்லா தின்னும், கூட ஆமை பெல்லட்டு கொஞ்சம், பறவைக் கடையில கிடைக்கற கடல் நுரை, அதாவது கணவாயோட வெள்ளை ஓடு, சுண்ணாம்புச் சத்துக்கு ஒரு துண்டு மிதக்க விடுங்க. ஓடு விஷயத்துக்கு ஒரு தடவை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு கொண்டுபோய் காட்டிடுங்க, ஈரத்துணி போட்ட டப்பாவுல எடுத்துட்டு போனா போதும் தண்ணி ரொப்ப வேண்டாம். முன்னங்கால் நகம் நீளமா இருக்கா, வால் தடியா இருக்கான்னு பாத்து எழுதுங்க, ரெண்டும் இருந்தா ஆணு, 4 அடி உறை தாராளம். இல்ல பொட்டைன்னா ஜோடி இல்லாமலே முட்டை போடும், உறைக்குப் பக்கத்துல ஒரு மணல் பாத்தி கட்டணும், அந்த அளவை அப்புறம் சொல்றேன்.